உன் வருங்கால மாமியாரைப் பேராலயத்துக்குக் கூட்டிப்போன கதை

சேந்த்-ஒதீல், சஸ்காச்சுவான்
ஞாயிறு, இருட்டும் நேரம்

என் அன்பு மகள் மிரேய்க்கு,

ஆண்டவர் அருளாலும், பக்கத்துப் பண்ணை எர்வே கொடுத்தனுப்பிய, மாவுக்குள் கறி வைத்துச் சுட்ட தூர்த்தியேரின் கடைசித் துண்டாலும், உன் அப்பா அடெலார் இந்த நிமிடம்வரை நலம். மான்ட்ரியலில் நீயும் எத்தியேனும் அதேபோல் நலமாக, கழுத்தைச் சுற்றி ஏதாவது கட்டிக்கொண்டு இருக்க வேண்டும் என்று மாதாவை வேண்டிக்கொள்கிறேன். இதைப் போனில் சொல்லக்கூடாதா என்று கேட்பாய். போனில் நீ "அங்க குளிர் எப்படிப்பா?" என்பாய், நான் "பரவால்லம்மா" என்பேன், அதோடு இரண்டு பேரும் வைத்துவிடுவோம். நமக்கு அப்படியே பழகிவிட்டது.

விஷயத்துக்கு வருகிறேன். கல்யாணத்தை நீங்கள் நினைத்தபடி மான்ட்ரியல் ஓட்டலிலேயே வைத்துக்கொள்ளுங்கள். எனக்கு இதில் துளி வருத்தமும் இல்லை. நம் பேராலயத்தில்தான் நடக்க வேண்டும் என்று நான் ஒரு நாளும் வாய்திறந்து சொன்னதில்லை, இனியும் சொல்லப்போவதில்லை. அங்கே உனக்கு ஏன் கால் வைக்கப் பிடிக்கவில்லை என்பதும் எனக்குத் தெரியும். இன்று காலை நடந்தது எத்தியேனின் அப்பா அம்மா வாய்வழியாக உன் காதுக்கு வருவதற்கு முன்னால் நானே சொல்லிவிடுவது மரியாதை என்றுதான் பேனாவை எடுத்தேன்.

கால்கரிக்குப் போகிற வழியில் என்னைப் பார்த்துவிட்டுப் போகிறோம் என்று நேற்று டாக்டர் நொர்மானும் சொலாஞ் அம்மாளும் வந்து இறங்கினார்கள் அல்லவா? நல்ல மனிதர்கள். அவர்களுக்கு நம் பேராலயத்தைக் காட்டாமல் அனுப்புவதா? குளிர்காலம் முழுவதும் நாங்கள் பூசையைக் கீழ்த்தளக் கூடத்தில் வைத்துக்கொள்கிறோம். ஊர் மொத்தமும் வந்து உட்கார்ந்தாலும் பாதி பெஞ்சு காலியாகக் கிடக்கும் கட்டடத்தை யார் சூடாக்குவது? ஆனாலும் இந்த ஒரு ஞாயிறு மட்டும் மேலே வைக்கலாம் என்று பங்குப்பேரவைக்காரர்கள் ஒவ்வொருவர் காலிலும் விழாத குறையாகக் கெஞ்சி, நானே கொதிகலனை மூட்டினேன். ஆயர் எப்போதோ பெரிய நகரத்துக்குக் குடிபோய்விட்டாலும் பேராலயம் பேராலயம்தானே. அதை வெறும் கோயில் என்று சொல்கிறவனுக்கு நம் ஊர்க் கடையில் காப்பி கிடைக்காது.

முதல் தப்பு என்னுடையது. விருந்தாளிகளுக்குக் கூரை ஓவியம் நன்றாகத் தெரியட்டும் என்று முதல் பெஞ்சில் கொண்டுபோய் உட்காரவைத்தேன். நம் ஊரில் எல்லோரும் கடைசிப் பெஞ்சுகளில்தான் அடைவார்கள் என்பதும், முதல் பெஞ்சில் உட்காருவது சவப்பெட்டிக்குள் படுத்திருப்பவரின் குடும்பம் மட்டும்தான் என்பதும் உனக்குத் தெரியாததா? எனக்கும் தெரியும். ஆனால் பெருமை வந்தால் புத்தி எங்கே நிற்கிறது! பின்னாலிருந்து ஊரே எட்டிப் பார்த்தது, பெட்டியைக் காணோம். அதற்குள் சாமியார் எமேக்கா, பூசை உடுப்புக்குள் கம்பளிக் கோட்டும் போட்டுக்கொண்டு உருண்டையாக வந்து பிரசங்கத்தை ஆரம்பிக்க, சூடேறிய குழாய்கள் டங் டங்கென்று அடிக்கத் தொடங்கின. டாக்டர் என் காதோரம் குனிந்தார்.

"அடெலார், உள்ள யாரோ மாட்டிக்கிட்டாங்க போல. பாவம், தட்டுறாங்க."

"அது வெந்நீர்க் குழாய் டாக்டர்."

"எனக்கென்னமோ ஆள் மாதிரிதான் தெரியுது" என்றவர், கடைசிவரை நம்பவில்லை. பூசை முடிந்ததும் மதாம் திபோ நேராக வந்து சொலாஞ்சின் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். "மனசத் தேத்திக்குங்கம்மா. போனவங்க நல்ல எடத்துக்குத்தான் போயிருப்பாங்க." அவள் பின்னால் ஒரு வரிசையே நின்றது. உன் மாமியார் என்ன செய்தாள் தெரியுமா? யார் செத்தார்கள் என்று கேட்காமல், தலையை ஆட்டி, ஒவ்வொருவருக்கும் நன்றி சொன்னாள். எனக்கு அந்த இடத்திலேயே அவளைப் பிடித்துவிட்டது.

இனி வண்டி. நற்கருணை வாங்கிய கையோடு ஆண்கள் நைசாக வெளியே நழுவி, உள்ளே சூடேறட்டும் என்று வண்டியைக் கிளப்பிவிட்டு, இறுதி ஆசீருக்குள் நல்லபிள்ளையாகத் திரும்புவது நம் வழக்கம். நானும் போய்க் கிளப்பிவிட்டு வந்தேன். பூசை முடிந்து வந்தால் வாசலில் வெள்ளை வண்டிகள் வரிசையாகப் புகைவிட்டுக்கொண்டு நிற்கின்றன. எல்லாவற்றிலும் சாவி உள்ளேயே. குளிரில் பல் கிட்டிப்போன சம்பந்திகளை அவசரமாக ஏற்றிக்கொண்டு கிளம்பினேன். எதிரே எர்வே வண்டி ஓட்டி வந்தான், வணக்கமாக ஸ்டியரிங்கில் இருந்து ஒரு விரலைத் தூக்கினான், நானும் தூக்கினேன், கடந்துபோனோம். தானியக் கிடங்கைத் தாண்டும்போது சொலாஞ் அமைதியாகச் சொன்னாள்: "அடெலார், பின்னாலேருந்து யாரோ என் காத நக்குறாங்க."

பிஸ்கட். எர்வேயின் நாய். ஆக நான் ஓட்டுவது எர்வேயின் வண்டி, எதிரே எர்வே ஓட்டிப்போனது என் வண்டி. விரல் தூக்கியபோது இரண்டு பேருக்குமே அது உறைக்கவில்லை. என் கைப்பேசியோ என் வண்டியில். பேராலய வாசலுக்கே திரும்பினேன், எர்வேயும் தப்பு தெரிந்தால் அங்கேதான் வருவான் என்று. வண்டியைவிட்டு இறங்கினோம். கடைசியாக இறங்கிய டாக்டர், மான்ட்ரியல்காரர், நல்ல எண்ணத்தில், கதவில் இருந்த பொத்தானை அமுக்கிப் பூட்டிவிட்டுச் சாத்தினார். எஞ்சின் ஓடுகிறது, சாவி உள்ளே, நாய் உள்ளே, வானொலியில் பிடில் வாசிக்கிறார்கள்.

எர்வே வந்தான். இரண்டு தடவை கைப்பிடியை இழுத்துப் பார்த்தான்.

"டேய் அடெலார், இது ஏன்டா தெறக்க மாட்டேங்குது?"

"பூட்டியிருக்கு."

"பூட்டுமா இது?" என்றான். வாங்கி இத்தனை வருஷமாக அவனுக்கே தெரியாது.

"நான்தாங்க பூட்டினேன்" என்றார் டாக்டர் கூச்சத்தோடு. "திருடன் கிருடன் வந்தா..."

"திருடனா? யாரு அவன், யாரு வீட்டுப் பையன்?" என்று எர்வே உண்மையான அக்கறையோடு விசாரித்தான்.

பிறகு எர்வே சன்னல் சன்னலாக ஓடி "பிஸ்கட், இங்க வாடா, கால வைடா" என்று கூப்பிட, அது சந்தோஷத்தில் சன்னல் சன்னலாகப் பாய, கால் பொத்தானில் பட்டுப் பூட்டு திறக்கும், இவன் இழுப்பதற்குள் இன்னொரு கால் பட்டு மறுபடி பூட்டிக்கொள்ளும். டாக்டர் மறுபக்கக் கதவுக்குக் காவல் நின்றார். குளிர் தாங்காமல் பேராலயத்துக்குள் போயிருந்த சொலாஞ்சைப் பார்க்க நானும் உள்ளே போனேன், விறைத்துப்போயிருப்பாள் என்று.

மிரேய், அவள் இடதுபக்கம் பின்னால், தூணை ஒட்டி, வெந்நீர்க் குழாய் ஓடும் சூடுவீசியின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். உன் அம்மாவின் இடத்தில். ரொலாந் போன பிறகு அங்கே யாரும் உட்கார்ந்ததில்லை. நான்கூட ஒரு ஆள் இடம்விட்டுத்தான் உட்காருவேன், ஊரும் தெரிந்தும் தெரியாததுபோல் இருந்துவிடும். இவளோ காலணியைக் கழற்றிவிட்டு, காலுறையோடு பாதத்தைச் சூடுவீசியின்மேல் வைத்திருந்தாள். உன் அம்மா வைத்த மாதிரியே! "அம்மா, அது..." என்று சொல்லப்போய் நிறுத்திக்கொண்டேன். எனக்குக் கோபம் வரும் என்று காத்திருந்தேன், வரவில்லை. இத்தனை நாள் அந்த இடத்தைக் காலியாகப் பார்த்துப் பார்த்து நான் எவ்வளவு களைத்துப்போயிருந்தேன் என்று அப்போதுதான் தெரிந்தது. என் இடத்தில் போய் உட்கார்ந்து கொஞ்சம் அழுதேன். அவள் என் பக்கம் திரும்பாமல் கூரையையே பார்த்தாள்.

"யார் எடம் இது?" என்று கேட்டாள்.

"என் ரொலாந்தோடது."

"எந்திரிக்கட்டுமா?"

"வேணாம். கால் காயட்டும்."

"மிரேய் இங்க வர மாட்டேங்குறா இல்ல? எத்தியேன் சொன்னான்."

"கடைசியா நாங்க ரெண்டு பேரும் அந்த மொத பெஞ்சுலதான் உக்காந்திருந்தோம். என் கையவிட்டு வெளிய ஓடுனவ, அப்புறம் இந்தப் படி ஏறல."

"கல்யாணம் இங்க வேணும்னு அவகிட்ட நீங்க கேட்டீங்களா?"

"அது அவ இஷ்டம். நான் எப்படிக் கேக்குறது?"

"கேக்குறது உங்க இஷ்டம். வர்றதும் வராததும் அவ இஷ்டம். ரெண்டையும் நீங்களே எடுத்துக்கிட்டா எப்படி?" என்றாள்.

வெளியே "தெறந்திருச்சு, தெறந்திருச்சு!" என்று டாக்டரும் எர்வேயும் கட்டிப்பிடித்துக் கத்துகிற சத்தம் கேட்டது, எழுந்து போனோம். மத்தியானம் சூப்பைக் குடித்துவிட்டு அவர்கள் கால்கரிக்குக் கிளம்பினார்கள். குழாய்க்குள் மாட்டிக்கொண்ட ஆளைப் பற்றி டாக்டர் போகும்போதும் விசாரித்தார்.

ஆகவே மகளே, இத்தனை களேபரம் பார்த்த பிறகு நம் பேராலயத்தின் பேச்சை அவர்கள் எடுக்கமாட்டார்கள். எல்லாம் நன்மைக்கே. ஓட்டல் கல்யாணம்தான் வசதி: சூடு இருக்கும், பூட்டினால் திறக்க ஆள் இருக்கும். எனக்கு அங்கே கழுத்துப்பட்டை கட்டிக்கொண்டு வந்து நிற்க முழுச் சம்மதம். இதைப் பற்றி நீ ஒரு நொடியும் கவலைப்படாதே. எத்தியேனுக்கு என் அன்பைச் சொல். மாதா உங்கள் இருவரையும் தன் போர்வைக்குள் வைத்துக்கொள்ளட்டும். உன் நெற்றியில் அப்பாவின் சிலுவை அடையாளம்.

உன் அப்பா,
அடெலார்

பி.கு.: உறையை ஒட்டினேன், மறுபடி பிரித்தேன். மேலே வருத்தம் இல்லை, முழுச் சம்மதம் என்று எழுதியதை நம்பாதே. எனக்கு வருத்தம் உண்டு, சம்மதம் இல்லை. உன்னைக் கைபிடித்து நம் பேராலயத்தின் நடுவழியில் அழைத்துப்போக எனக்கு ஆசையாக இருக்கிறது, மிரேய். முதல் பெஞ்சு அழுவதற்கு மட்டுமே என்று நம் இருவருக்குள்ளும் பதிந்துபோனது எனக்குப் பிடிக்கவில்லை. முடியாது என்று நீ சொன்னால் ஓட்டலுக்கு வருகிறேன், முகத்தைத் தூக்கிவைத்துக்கொள்ளமாட்டேன். ஆனால் அப்பா கேட்கவே இல்லை என்று மட்டும் ஆகிவிடக்கூடாது. இங்கே வந்து கல்யாணம் பண்ணிக்கொள்வாயா, அம்மா?