நாற்றம் வந்தால் குளம் உனக்கு

ஞாயிற்றுக்கிழமை காலை ஆறேகால் மணிக்கு, பல் விளக்கிக்கொண்டே, நான் ஒரு மாபெரும் முடிவுக்கு வந்தேன். ஒரு பிணத்தை என் மனைவிக்குத் தெரியாமல் ஒழித்துக்கட்டிவிடுவது.

பதற வேண்டாம். பிணம் என்றால் பெருச்சாளிப் பிணம். வீட்டுக்குப் பின்னால், என் குளத்தில், வயிறு வானத்தைப் பார்க்க நான்கு கால்களையும் நீட்டிக்கொண்டு மிதந்தது. அதன் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. ஞாயிற்றுக்கிழமையில் எனக்கே அவ்வளவு நிம்மதி கிடைப்பதில்லை. ஆனால் அதன் வாசனை மட்டும் படுத்திருக்கவில்லை. எழுந்து தோட்டம் முழுக்க நடமாடிக்கொண்டிருந்தது.

'என் குளம்' என்று சொன்னேன் அல்லவா? அதைக் கொஞ்சம் அழுத்திப் படிக்க வேண்டும். எங்கள் வீட்டில் பீரோ அவளுடையது. டி.வி. ரிமோட் அவளுடையது. கட்டிலில் சுவரோரம் என்னுடையது, அதுவும் அவள் அங்கே துணி மூட்டை வைக்காத நாட்களில். குளம் மட்டும் நான் வெட்டியது. எட்டடிக்கு ஆறடி, முழங்கால் ஆழம், சிமென்ட் பூச்சு, நடுவில் ஒரு ஃபவுண்டன். நாலு வருடத்துக்கு முன்னால் அந்த ஃபவுண்டன் அரை மணி நேரம் பீச்சியடித்தது. அதோடு சரி. தாமரை விட்டேன், இலை மட்டும் வந்தது. மீன் விட்டேன், கொக்கு வந்தது. அப்புறம் எனக்கு அந்தப் பக்கம் கவனிக்க நேரமில்லை. தண்ணீர் பச்சையாகி, பச்சை கறுப்பாகி, கறுப்புக்கு மேல் வேறு நிறம் இல்லாததால் அங்கேயே நின்றுவிட்டது.

இருந்தாலும் அதன் கரையில் நாற்காலி போட்டு உட்கார்ந்து பேப்பர் படிக்கும்போது நான் ஒரு ஜமீன்தார். இந்த வீட்டில் நான் நினைத்து நான் செய்த ஒரே காரியம் அந்தக் குளம்தான். அதை இழக்க எனக்கு மனசு வரவில்லை. இதைத் தமாஷுக்குச் சொல்லவில்லை.

என் மனைவி தையல்காரி. முன்ரூமில் மூன்று மெஷின், நாலு மூட்டை பள்ளிச் சீருடை. எங்கள் சோபாவில் மனிதர்கள் உட்கார்ந்து ஒரு வருடமாகிறது. பாவாடைகள்தான் உட்கார்ந்திருக்கின்றன. குளத்தை மூடிவிட்டு அந்த இடத்தில் ஒரு தையல் ரூம் கட்ட வேண்டும் என்பது அவள் கட்சி. ஆறு மாதம் சண்டை போட்டோம். கடைசியில் அவளுடைய அளவு நோட்டில் ஒரு ஒப்பந்தம் எழுதினோம்.

"நானே எழுதறேன். 'குளத்தில் துர்நாற்றம் வந்தால், குளத்தை மூடி ரூம் கட்டச் சம்மதம்.' சரிதானுங்களே?" என்றாள்.

"நில்லு. 'துர்' எதுக்கு?"

நான் ஒரு அச்சகத்தில் இருபத்திரண்டு வருடமாகப் பிழை திருத்துபவன். வேண்டாத எழுத்தைப் பார்த்தால் எனக்குக் கை அரிக்கும்.

"நாற்றம்னாலே போதும். பொதுச்சொல். பழைய தமிழ்ல நல்ல வாசனைக்கே நாற்றம்னுதான் பேரு. பூ நாற்றம்னு எழுதுவாங்க."

"பூ நாத்தம் அடிக்குமா?"

"அடிக்கும். படிச்சவங்களுக்கு மட்டும்."

சிவப்புப் பேனாவை எடுத்து 'துர்'ரை அடித்தேன். தொழில் பழக்கம், ஓரத்தில் குறிப்பும் போட்டேன். இரண்டு எழுத்து மிச்சம் என்று ஒரு பெருமை வேறு. இருவரும் கையெழுத்துப் போட்டோம். நாற்றம் வந்ததா இல்லையா என்று தீர்ப்புச் சொல்லப் பக்கத்து வீட்டுக் கம்பவுண்டரை நடுவராக வைத்தோம். ஓய்வு பெற்றவர். மருந்து பாட்டிலில் சீட்டு கிழிந்து போயிருந்தால் மோந்து பார்த்தே பெயர் சொன்ன மூக்கு அவருடையது.

அந்த மூக்கு ஒன்பது மணிக்குப் பூந்தொட்டிகளுக்குத் தண்ணீர் ஊற்ற மதில் சுவரோரம் வரும். மனைவி சீருடை மும்முரத்தில் முன்ரூமில் இருந்தாள். மெஷின் கடகடத்துக்கொண்டிருந்தது. எனக்கு முழுதாக இரண்டே முக்கால் மணி நேரம் இருந்தது. இவ்வளவு நேரத்தில் நான் ஒரு புத்தகத்தையே திருத்திவிடுவேன். பெருச்சாளி எந்த மூலை?

முதலில் ஒட்டடைக் குச்சியை எடுத்துக்கொண்டு போய்ப் பக்குவமாக என் பக்கம் இழுத்தேன். அது பக்குவமாக அந்தப் பக்கம் போனது. அந்தப் பக்கம் ஓடிப்போய் இழுத்தேன். நேராக நடுவில் போய், ஃபவுண்டன் குழாய்க்கு அடியில் மாட்டிக்கொண்டது. இனிக் குளத்தில் இறங்கவேண்டும். நானா? பிழை திருத்துபவன் பிழைக்குள் இறங்கக் கூடாது என்பது என் கொள்கை. தண்ணீரை இறைத்துவிட வேண்டியதுதான். கட்டும்போது அடியில் ஓட்டை வைக்க மறந்துவிட்டேன். ஊரார் பிழையெல்லாம் என் கண்ணில் படும்.

பத்தாவது வாளியில் மெஷின் சத்தம் நின்றது. பின்வாசலில் என் மனைவி, கழுத்தில் அளவு டேப்போடு.

"என்னங்க பண்றீங்க?"

"குளத்தைச் சுத்தம் பண்றேன்."

"நீங்களா?"

"நான்தான்."

"உடம்புக்கு ஏதாவது பண்ணுதா?"

"என் குளத்தை நான் சுத்தம் பண்ணக் கூடாதா?"

"நாலு வருஷமா சொன்னேனே, அப்பல்லாம் காதுல விழலையே."

"இன்னிக்குத்தான் வந்து விழுந்துச்சு."

அவள் ஒரு தடவை மூச்சை உள்ளே இழுத்தாள். எனக்கு மூச்சே நின்றுவிட்டது.

"பாசி! பாசின்னா அப்படித்தான் இருக்கும்!" என்றேன்.

"நான் ஒண்ணுமே கேக்கலையேங்க."

"கேக்கறதுக்கு முன்னாடியே சொன்னேன்."

"சரி. செய்யறது செய்யறீங்க, அடியில இருக்கற சேத்தையும் வழிச்சிடுங்க. ஓரமெல்லாம் பிரஷ் போட்டுத் தேச்சிடுங்க. அந்த உடைஞ்ச பைப்பையும் புடுங்கிப் போடுங்க."

"அது ஃபவுண்டன்!"

"அதான், அந்தப் பைப்பை."

உள்ளே போனவள் கையுறை, பிரஷ், கிழிந்த போர்வை ஒன்று எல்லாம் கொண்டுவந்து படியில் வைத்தாள்.

"போர்வை எதுக்கு?"

"எதையாவது சுத்தி எடுக்க வேண்டியிருந்தா?"

"எதை?"

"பாசியை."

அவளை உற்றுப் பார்த்தேன். குழந்தை முகம். சூதுவாது தெரியாதவள். இவளைப் போய் ஏமாற்றுகிறோமே என்று ஒரு நிமிடம் எனக்கே பாவமாக இருந்தது. மெஷின் சத்தம் மறுபடி கேட்டதும் அந்தப் பாவம் போய்விட்டது.

இறைத்தேன். இறைத்தேன். இடுப்பு என்று ஒன்று எனக்கு இருப்பதே எட்டு மணிக்குத்தான் தெரிந்தது. தண்ணீர் வற்றியதும் மூக்கில் துண்டைக் கட்டி, முகத்தைத் திருப்பிக்கொண்டு, பெருச்சாளியைப் போர்வையில் சுருட்டினேன். மதில் மூலையில் குழி தோண்டினேன். மனைவிக்குத் தெரியாமல் குழி பறிப்பதில் இருக்கிற சுகமே தனி.

ஜன்னல் திறந்தது.

"அங்க என்னங்க குழி?"

"செடி வைக்க!"

"என்ன செடி?"

"எலுமிச்சை!"

"செடி எங்க?"

"இனிமேதான் வாங்கணும்!"

"செடி வாங்காமலே குழியா?"

"குழி ரெண்டு நாள் ஆறணும்! உனக்குத் தோட்ட வேலையைப் பத்தி என்ன தெரியும்?"

"எனக்கு என்ன தெரியும்?" என்று சொல்லி ஜன்னலை மூடிக்கொண்டாள்.

அடக்கம் முடிந்தது. சேற்றை வழித்தேன். ஃபவுண்டனைப் பிடுங்கினேன். பல்லைக் கடித்துக்கொண்டு ஓரமெல்லாம் தேய்த்தேன். சிமென்ட் வெள்ளை வெளேரென்று வந்தது. கட்டிய அன்றுகூட அப்படி இருந்ததில்லை. ஆனால் பெருச்சாளி போன பிறகும் அதன் ஞாபகம் காற்றில் இருந்தது. மணி ஒன்பதுக்குப் பத்து நிமிடம். அந்தச் சமயம் பார்த்துப் பின்வாசலில் மனைவி, கையில் ஒரு பாட்டில்.

"தரை துடைக்கறது. ரோஜா வாசனை. ரெண்டு மூடி ஊத்துங்க, போதும்."

தெய்வமே வந்து நீட்டியதுபோல் வாங்கினேன். ரெண்டு மூடியா? முழு பாட்டிலையும் கவிழ்த்தேன்.

ஒன்பது அடித்தது. மதில் சுவருக்கு மேல் கம்பவுண்டரின் தலை.

"என்ன சார், வாசனை தூக்குது!"

அங்கேதான் எனக்குப் புத்தி கெட்டது. சும்மா சிரித்துவிட்டு உள்ளே போயிருக்கலாம். நான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, "வாங்க சார் வாங்க! நடுவர் இன்னிக்கே தீர்ப்புச் சொல்லிடுங்க. இந்தப் பேச்சு இன்னியோட முடியட்டும்" என்றேன். மனைவியைக் கூப்பிட்டு, நோட்டையும் எடுத்து வரச் சொன்னதும் நான்தான்.

கம்பவுண்டர் வந்தார். குளத்தருகே குனிந்தார். இடது மூக்கை மூடி வலதால் இழுத்தார். வலதை மூடி இடதால் இழுத்தார்.

"ரோஜா. கொஞ்சம் சோப்பு. வேற ஒண்ணும் இல்ல."

"கேட்டியா?" என்று மனைவியைப் பார்த்தேன்.

"கேட்டேங்க. ஏன் சார், குளத்துலேர்ந்து வாசனை நல்லா வருதா?"

"வருதாவா? எங்க அடுப்படி வரைக்கும் வருதும்மா."

அவள் நோட்டைப் பிரித்தாள். கைநீளம், தோள்பட்டை எல்லாம் தாண்டி ஒப்பந்தப் பக்கத்தை எடுத்தாள்.

"இதைக் கொஞ்சம் சத்தமா படிங்க சார்."

"'குளத்தில் நாற்றம் வந்தால், குளத்தை மூடி ரூம் கட்டச் சம்மதம்.' அதான் நாற்றம் இல்லையேம்மா?"

"ஓரத்துல சிவப்பு மையில இருக்கே, அது?"

கம்பவுண்டர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டார்.

"'துர் நீக்குக. நாற்றம் என்றால் மணம்.' சார், இது உங்க கையெழுத்தா?"

நான் நோட்டை எட்டிப் பார்த்தேன்.

"கையெழுத்து என்னுதுதான். ஆனா அது பழைய தமிழ்! இப்ப யாரு அப்படிப் பேசறா? இப்ப நாற்றம்னா கெட்ட நாற்றம்தான். பச்சைக் குழந்தைக்கும் தெரியும்!"

"அன்னிக்கு எனக்குத் தெரியலைன்னுதானே அடிச்சீங்க?"

"அன்னிக்குச் சொன்னது இலக்கியம். இன்னிக்குச் சொல்றது நடைமுறை. நாற்றம்னா கெட்ட நாற்றம். பேச்சு முடிஞ்சது!"

"சரிங்க. நீங்க சொல்றதுக்கே வரேன். கெட்ட நாத்தம்தான்." என் மனைவி மண்வெட்டியை எடுத்தாள். "கம்பவுண்டர் சார், ஒரு நிமிஷம் அந்த மூலைக்கு வாங்க. இவரு எலுமிச்சை வைக்கக் குழி தோண்டினாரு. செடியே வாங்கல, அதுக்குள்ள குழியை மூடிட்டாரு. என் போர்வையையும் காணோம். உள்ள என்னதான் இருக்குன்னு தோண்டி மோந்து பாத்துடலாமா?"

மண்வெட்டியை என் கையிலேயே கொடுத்தாள்.

இருபத்திரண்டு வருடத்தில் எவ்வளவோ சிக்கலான வாக்கியங்களைப் பிரித்துச் சரி பண்ணியிருக்கிறேன். இதைப் பிரிக்க முடியவில்லை. நாற்றம் நல்லது என்றால் ரோஜா. கெட்டது என்றால் பெருச்சாளி. எந்தப் பக்கம் போனாலும் முட்டுச்சந்து. கம்பவுண்டர் வேறு இரண்டு மூக்குத் துவாரத்தையும் திறந்து தயாராக வைத்திருந்தார். ஒரு நடுவர் முன்னால் பெருச்சாளியைத் தோண்டி எடுத்துத் தோற்பதைவிட, தமிழைச் சொல்லித் தோற்பது கௌரவம்.

"நாற்றம்னா மணம்தான்" என்றேன்.

"படிச்சவங்க சொன்னாச் சரியாத்தான் இருக்கும்" என்றாள்.

கம்பவுண்டர் தீர்ப்பைச் சொல்லிவிட்டுத் தொட்டிகளுக்குத் தண்ணீர் ஊற்றப் போனார். நான் காலிக் குளத்தின் விளிம்பில் உட்கார்ந்தேன்.

"உனக்கு எப்பத் தெரியும்?"

"நேத்து சாயங்காலமே. காயப்போட்ட துணி எடுக்கப் போனேன், மிதந்துச்சு."

"அப்பவே கம்பவுண்டரைக் கூப்பிட்டிருந்தா நேரா ஜெயிச்சிருப்பியே?"

"ஜெயிச்சிருப்பேன். அப்புறம் அதை யாரு எடுக்கறது? தண்ணி யாரு இறைக்கறது? சேறு யாரு வழிக்கறது? எனக்கு நாளைக்குள்ள நாப்பது பாவாடை தைக்கணுங்க."

நாலு வருடம் நான் தேக்கி வைத்த தண்ணீரை என் கையாலேயே இறைக்க வைத்து, எனக்கே தண்ணி காட்டிவிட்டாள்.

மூன்றே வாரத்தில் ரூம் எழுந்துவிட்டது. மெஷின்கள் அங்கே போயின. வாசல் ஓரம் துணி காயப் போடக் கொடி கட்டினாள். கொடிக்கு அந்தப் பக்கம் கீரைப் பாத்தி போட்டாள். என் நாற்காலியை அளவு கொடுக்க வருகிறவர்களுக்காக உள்ளே எடுத்துக்கொண்டாள். இப்போது அந்தத் தோட்டத்தில் எனக்கென்று ஒரு சாண் இடம் கிடையாது. பெருச்சாளிக்கு இரண்டடி இருக்கிறது.