கண்ணாடி போட வந்த சி.ஐ.டி.

ஐம்பத்திரண்டு வயதில், வீட்டுக் கூடத்தில் நின்றுகொண்டு, விளாம்பழத்தால் ஸ்பின் போட்டுப் பார்த்தவன் நான். டி.வி.யில் யாரோ ஒருவர் போட்ட பந்து எங்கேயோ விழுந்து, எங்கேயோ திரும்பி, ஸ்டம்பைத் தட்டியது. 'இதில் என்ன பிரமாதம், மணிக்கட்டைத் திருப்பினால் போச்சு' என்று தோன்றியது. கைக்கு எட்டுகிற தூரத்தில் விளாம்பழம் இருந்தது. திருப்பினேன். பழம் திரும்பவில்லை. நேராகப் போய், சாத்தியிருந்த தேக்கு ஜன்னலின் நடுக் கண்ணாடியை உடைத்துக்கொண்டு வெளியே எங்கேயோ மறைந்தது. என் மணிக்கட்டுதான் மூன்று நாள் திரும்பாமல் கிடந்தது.

அதோடு நிறுத்தியிருந்தால் அது வெறும் முட்டாள்தனம். நான் அதன் மேல் ஒரு மாடியும் கட்டினேன். என் மனைவி வசந்தா பள்ளிக்கூடத்தில் டீச்சர். அவள் வருவதற்குள் தோட்டத்தில் விழுந்திருந்த கண்ணாடித் துண்டுகளைப் பொறுக்கி வந்து கூடத்தில் பரப்பினேன். அவள் வந்ததும், “பக்கத்து வீட்டு மல்லிகா முருங்கைக்காய் பறிச்சப்போ தொரட்டி பட்டுடுச்சு போல” என்றேன். அவர்கள் வீட்டு முருங்கை மரம் மதில் தாண்டி எங்கள் ஜன்னல் பக்கம்தான் சாய்ந்திருக்கும். அந்தப் 'போல'வில் என் மனசாட்சிக்கு ஓர் இடம் ஒதுக்கியிருந்தேன். வசந்தா 'போல'வைக் காதிலேயே வாங்கவில்லை.

“விளாம்பழம் ஒண்ணு வெச்சிருந்தேனே, எங்க?” என்றுதான் கேட்டாள்.

“தின்னுட்டேன்.”

“ஓட்டோடயா?”

மல்லிகாவும் வசந்தாவும் பதினைந்து வருஷச் சிநேகிதம். மல்லிகாவின் வீட்டுக்காரர் பூதலூர்ப் பக்கம் குத்தகைக்கு நிலம் எடுத்துச் சாகுபடி செய்கிறவர். பாதி நாள் வயலிலேயே கிடப்பார். அதனால் மல்லிகாவுக்குப் பேச்சுத் துணை வசந்தா. வசந்தா பள்ளிக்கூடம் போக வர மல்லிகாவின் ஸ்கூட்டர். இந்த வீட்டில் குழம்பு கொதித்தால் அந்த வீட்டில் அப்பளம் பொரியும். அப்படிப்பட்டவர்கள் மதிலுக்கு இரண்டு பக்கமும் நின்று சண்டை போட்டார்கள்.

“நான் அன்னிக்குத் தொரட்டியையே எடுக்கலக்கா!”

“அப்ப எங்க வீட்டுக்காரரு பொய் சொல்றாரா?”

என் மேல் அவளுக்கு இருந்த நம்பிக்கையைக் கேட்டு எனக்கே வியர்த்தது. அன்றோடு பேச்சு நின்றது. வசந்தா டவுன் பஸ்ஸில் நின்றுகொண்டு போனாள். “கண்ணாடி போனா போகுதுங்க. இத்தனை வருஷம் பழகிட்டு, மூஞ்சியப் பாத்துப் பொய் சொல்றா பாருங்க, அதான் தாங்கல” என்று சொல்லிவிட்டு, முருங்கைக்காய் இல்லாத சாம்பாரைக் கிண்டினாள். அந்தப் பக்கம் மல்லிகா, “இந்த மரத்தாலதானே இவ்ளோ பேச்சும்” என்று, வெள்ளிக்கிழமை மரத்தை வெட்ட ஆளுக்குச் சொல்லிவிட்டாள்.

உண்மையைச் சொல்லித் தொலைத்திருக்கலாமே என்பீர்கள். தினமும் காலையில் காபியோடு ஆரம்பிப்பேன்.

“வசந்தா, ஒண்ணு சொல்லணும்.”

“சர்க்கரை பத்தலையா?”

“ஆமா.”

இப்படியே பத்து நாளில் என் காபி பாயசமாகிவிட்டது.

கண்ணாடியை மாற்றிவிட்டால் பேச்சு அடங்கும் என்று நானே களத்தில் இறங்கினேன். கடையில் ஒரு கண்ணாடி வெட்டி வாங்கிவந்து, போஸ்டர் ஒட்டுகிறவர்கள் போல மைதாப் பசை காய்ச்சி ஒட்டினேன். மறுநாள் எறும்புகள் சாரை சாரையாக வந்து பசைக்குப் பந்தி உட்கார்ந்தன. சாயங்காலம் கண்ணாடி மெதுவாகச் சரிந்து, என் கண் முன்னாலேயே தரையில் விழுந்து நொறுங்கியது. வசந்தா போனை எடுத்தாள்.

“சி.ஐ.டி.யக் கூப்பிடறேன்.”

“வேற யாரையாவது கூப்பிடேன்” என்றேன். ஏனென்றால், பழைய தஞ்சாவூர் ஜில்லாவில் இதுவரை உடைந்த கண்ணாடிகளில் பாதியாவது எப்படி உடைந்தது, யார் உடைத்தார், அன்றைக்கு அந்த வீட்டில் என்ன சமையல் என்பது வரை தெரிந்த ஒரே மனிதர் அவர்தான். பழைய மர ஜன்னல்களுக்குக் கண்ணாடி போடுவது தொழில். நிஜப் பெயர் யாருக்கும் தெரியாது, அவருக்கே மறந்திருக்கும். உடைந்த துண்டை எடுத்து வெளிச்சத்தில் ஒரு திருப்புத் திருப்புவார். கேஸ் முடிந்தது.

திருவிடைமருதூரில் ஒரு ரிட்டயர்டு ஹெட்மாஸ்டர், “காக்கா கொத்தி உடைஞ்சிடுச்சு” என்றாராம். சி.ஐ.டி. துண்டைப் பார்த்துவிட்டு, “காக்கா கைத்தடி ஊணிக்கிட்டு வந்துச்சா சார்?” என்று கேட்டிருக்கிறார். நாகூரில் ஓர் அம்மாள், “கடல் காத்துங்க” என்றிருக்கிறார். “கடல் காத்து இட்லிச் சட்டி மூடியெல்லாம் தூக்கிட்டு வராதும்மா” என்று இவர் சொல்ல, உள்ளே வீட்டுக்காரர் நெற்றியைத் தடவிக்கொண்டாராம்.

வசந்தா லீவு போட்டிருந்த வியாழக்கிழமை காலை வந்து சேர்ந்தார். வந்ததே ஒரு ஊர்வலம். டி.வி.எஸ். வண்டியில், கண்ணாடிகளை வைக்கோல் வைத்துக் கட்டி, இரண்டு முழங்காலுக்கும் நடுவே நிறுத்திக்கொண்டு, நடக்கிறவர்கள் முந்திப் போகிற வேகத்தில் வருவார். பின்னால் பஸ் ஹாரன் அடித்தால் திரும்பிப் பார்க்காமல், கையை மட்டும் உயர்த்தி ஆசீர்வாதம் செய்வார். அன்றைக்கு அவருக்குப் பின்னால் ஒரு பஸ், இரண்டு லோடு ஆட்டோ, ஒரு வைக்கோல் டிராக்டர் எல்லாம் பயபக்தியோடு வந்தன.

உள்ளே வந்தவர் நேராகக் கூடத்துக்கு நடந்தார். ஜன்னல் முன்னால் போய் நின்றார். சட்டத்தை ஒரு தட்டுத் தட்டினார். பக்கத்தில் நான் நின்றிருந்தேன். தலையை ஆட்டிக்கொண்டு ஒரே வார்த்தை சொன்னார்.

“மக்கு.”

வசந்தாவின் முகம் பத்து நாளைக்கப்புறம் மலர்ந்தது. “எப்படிங்க பாத்த உடனே கண்டுபுடிச்சீங்க?”

“பழைய மக்கும்மா. காஞ்சு கல்லா இறுகிப் போயிருக்கு.”

“ஆமாங்க, கல்லேதான்.”

“தட்டித் தட்டித்தான் வழிக்குக் கொண்டு வரணும்.”

“இருவத்தஞ்சு வருஷமா நானும் தட்டிப் பாக்கறேன். வரல.”

அவர் சொன்னது கண்ணாடி அசையாமலும் மழைத் தண்ணீர் இறங்காமலும் ஓரத்தில் வைத்துப் பூசுகிற மக்கு என்று எனக்குப் புரிவதற்குள் என் மானம் வாசல் தாண்டியிருந்தது.

உளியால் பழைய மக்கைப் பெயர்த்து, துருப்பிடித்த குட்டி ஆணிகளைப் பிடுங்கி, காடியைச் சுத்தமாக வழித்தார். கண்ணாடி உட்காருகிற பள்ளத்துக்குத்தான் காடி என்று பெயர். பிறகு, “ஒடைஞ்ச துண்டு இருக்கா?” என்றார். மல்லிகாவிடம் காட்டுவதற்காக வசந்தா அதை அட்டைப் பெட்டியில் பத்திரப்படுத்தியிருந்தாள். கொடுத்துவிட்டு டீ போட உள்ளே போனாள். சி.ஐ.டி. ஒரு துண்டை எடுத்து வெளிச்சத்தில் திருப்பினார். அதில் காய்ந்த மண்ணும் ஒரு முருங்கைப் பூவும் ஒட்டியிருந்தன. என்னைப் பார்த்தார்.

“சார்.”

“சொல்லுங்க மேஸ்திரி.”

“உங்க கூடத்துல முருங்கை பூக்குமா?”

“காத்துல வந்திருக்கும்.”

“இந்த மண்ணு?”

“அதுவும் காத்துதான்.”

“நல்ல காத்தோட்டமான வீடு சார்.”

நான் குரலைத் தாழ்த்தினேன். “மேஸ்திரி, வசந்தாகிட்ட...”

“நானாப் போய்ச் சொல்ல மாட்டேன் சார். யாராச்சும் கேட்டா பொய்யும் சொல்ல மாட்டேன்.”

ஆக, யாரும் கேட்காமல் பார்த்துக்கொள்ள வேண்டியது என் பொறுப்பு. வசந்தா அவர் பக்கம் திரும்பி வாயைத் திறக்கும்போதெல்லாம் நான் முந்திக்கொண்டேன். மேஸ்திரி, கண்ணாடி ஏன் வழவழன்னு இருக்கு? மேஸ்திரி, கண்ணாடி வெட்டற உங்க வைரம் தேயுமா? மேஸ்திரி, காடிய விடக் கண்ணாடிய ஏன் சின்னதா வெட்டறீங்க? பாவம், எல்லாவற்றுக்கும் சிரத்தையாகப் பதில் சொன்னார்.

“சுத்தி ஒரு நூல் எடம் விட்டுத்தான் வெட்டணும் சார். ஐப்பசி மழையில மரம் ஊதும். எடம் விடாம இறுக்கினா கண்ணாடி விண்டுடும்.”

நூல் என்பது அவர்கள் கணக்கில் அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு. எனக்கும் வசந்தாவின் கேள்விக்கும் நடுவே அன்றைக்கு இருந்த இடைவெளி அதைவிடக் குறைவு.

பிறகு மக்குப் பிசைய உட்கார்ந்தார். சுண்ணாம்புப் பவுடரில் லின்சீட் ஆயிலை விட்டு, சப்பாத்தி மாவு மாதிரி அடித்துப் பிசைந்தார். “காது மடல் பதத்துக்கு வரணும்” என்று சொல்லி, ஒரு கையால் மக்கையும் மறு கையால் என் காதையும் பிடித்துப் பார்த்தார். “இன்னும் கொஞ்சம்.” மறுபடியும் பிசைந்தார், மறுபடியும் பிடித்தார். வசந்தா டீ டம்ளரோடு நின்று, கோவிலில் அபிஷேகம் பார்ப்பதுபோல் பார்த்தாள்.

மூன்றாம் முறை சி.ஐ.டி. சொன்னார். “மக்கு பதமாயிடுச்சு. சார் காதுதான் ரொம்ப சூடா இருக்கு.”

காடியில் மெல்லிசாக மக்கை அப்பி, அதன் மேல் கண்ணாடியை உட்கார வைத்து, குட்டி ஆணி அடித்து, தகட்டால் மேல் மக்கைச் சரிவாக இழுத்துக்கொண்டிருந்தார். இன்னும் ஒரு ஓரம்தான் பாக்கி. தப்பித்தோம் என்று நினைத்தபோது வாசல் கேட் திறந்தது. மல்லிகா. வசந்தாவைப் பார்க்காமல் நேராக ஜன்னலிடம் வந்தாள்.

“மேஸ்திரி, நாளைக்கு மரத்த வெட்டப் போறேன். அதுக்கு முன்னாடி எனக்குத் தெரிஞ்சாகணும். அந்தக் கண்ணாடி எப்படி ஒடைஞ்சுது?”

“மேஸ்திரி, இன்னொரு டீ?” என்றேன்.

அவர் தகட்டைக் கீழே வைத்தார். “கேட்டுட்டாங்க சார்.”

பெட்டியிலிருந்து இரண்டு துண்டுகளை எடுத்தார். “வெளியேருந்து தொரட்டி பட்டா கண்ணாடி உள்ள விழணும். இது தோட்டத்து ஈரமண்ணுல விழுந்து கெடந்திருக்கு. பொறுக்கிட்டு வந்து உள்ள போட்டிருக்காங்க. உள்ளேருந்து உருண்டையா என்னமோ ஒண்ணு போயிருக்கும்மா.”

“உருண்டையாவா?” மல்லிகா யோசித்தாள். “அன்னிக்கு எங்க துளசி மாடத்துகிட்ட ஒரு விளாம்பழம் கெடந்துச்சு. தெருவுல விளாமரமே இல்லியேன்னு நெனைச்சேன்.”

வசந்தா மெதுவாக என் பக்கம் திரும்பினாள். “ஏங்க. தின்னுட்டேன்னீங்க?”

“நாங்கதான்க்கா தின்னோம். பச்சடி பண்ணி” என்றாள் மல்லிகா.

“யாரு எறிஞ்சாங்கன்னு கண்ணாடி சொல்லாதும்மா” என்று சொல்லிவிட்டு, சி.ஐ.டி. ஜன்னலைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். அந்த ஒரு நூல் இடத்தை எனக்காக விட்டார் என்று பிறகுதான் உறைத்தது.

“நான்தான்” என்றேன். “ஸ்பின் போட்டுப் பாத்தேன். சொல்லப் பயந்துக்கிட்டு மல்லிகா மேல போட்டுட்டேன். மல்லிகா, மன்னிச்சுக்கம்மா.”

வசந்தா என்னைத் திட்டவில்லை. என்னைத் தாண்டிப் போய் மல்லிகாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். “உன்னைப் போய்ப் பொய் சொல்றேன்னு சொல்லிட்டேனேடி.” குரல் உடைந்தது. மல்லிகாவுக்கும் கண் கலங்கியது. “விடுங்கக்கா. உங்க வீட்டுப் பழம்னு தெரிஞ்சிருந்தா ஒரு கிண்ணம் பச்சடி குடுத்து விட்டிருப்பேன்” என்றாள். அழுகைக்கு நடுவே வசந்தா சிரித்துவிட்டாள். அப்புறம் இரண்டு பேரும் என்னைப் பார்த்துப் பார்த்துச் சிரித்தார்கள். மரம் வெட்ட வேண்டாம் என்று அங்கிருந்தே போன் போயிற்று.

கடைசி ஓரத்தையும் பூசி முடித்துக் கிளம்பும்போது சி.ஐ.டி. எச்சரித்தார். “ஒரு வாரத்துக்கு இந்த மக்கை யாரும் சீண்டக் கூடாதும்மா.”

“சரிங்க” என்று வசந்தா இரண்டு மக்குக்கும் சேர்த்து ஒப்புக்கொண்டாள். சொன்னபடியே ஒரு வாரம் என்னோடு ஒரு வார்த்தை பேசவில்லை.

அந்த வாரம் முழுக்க ஸ்கூட்டர் ஜோடியாகப் போனது, ஜோடியாக வந்தது. முருங்கைக்காய் கட்டுக்கட்டாக மதில் தாண்டி வந்தது. பத்து நாள் பாக்கியை அவர்கள் பேசித் தீர்க்க வேண்டியிருந்ததால், வாரம் முடிந்த பிறகும் எனக்கு முறை வரவில்லை. வீட்டில் நானும் ஜன்னலும். சி.ஐ.டி.க்கு போன் போட்டு, “மேஸ்திரி, கண்ணாடி லேசா ஆடுற மாதிரி இருக்கு” என்றேன். ஊர்வலமாக வந்தார். தட்டினார். ஆடவில்லை. டீ குடித்துக்கொண்டே, ஒரு கல்யாண வீட்டில் ஏழு கண்ணாடி உடைந்த கதையைச் சொன்னார். வயிறு வலிக்கச் சிரித்தேன். அடுத்த வாரம், “தண்ணி கசியுது” என்றேன். மழையே பெய்திருக்கவில்லை. அப்போதும் வந்தார். மூன்றாம் தடவை என்ன காரணம் சொன்னேன் என்று எனக்கே நினைவில்லை.

அன்றைக்கு டீயைக் குடித்து முடித்து, வண்டியில் ஏறி உட்கார்ந்துகொண்டு சொன்னார்:

“சார், பேச ஆளு இல்லேன்னா நேரா சொல்லுங்க, வரேன். கண்ணாடி மேல பழி போடாதீங்க.”