"போட்டு வாறன்" என்றுதான் சொன்னேன்

குருநகர்,
ஞாயிறு, பூசை முடிந்து வந்தபின்.

பெருமதிப்புக்குரிய சம்பந்தி அடைக்கலநாதன் அவர்களுக்கு,

பேதுரு எழுதுவது. மாதாவின் தயவில் இங்கே நாங்கள் மூவரும் சுகம். பிரான்சில் நீங்களும் குடும்பமும் சுகமாயிருக்க வேண்டும். என்மேல் கோபமில்லாமலும் இருக்க வேண்டும்.

போன ஞாயிறு வீடியோ அழைப்பில் உங்கள் சுரேசுக்கும் என் மகள் றொசாந்திக்கும் கலியாணத் திகதி கதைத்து முடித்ததும், நான் எழும்பி நின்று சொன்னது "போட்டு வாறன் சம்மந்தி", போய்விட்டு வருகிறேன் என்றுதான். உங்களுக்குக் கேட்டது "போ" மட்டும்! நீங்கள் சட்டென்று திரையிலிருந்து மறைந்தீர்கள், ஒரு கிழமையாய்ப் பேச்சில்லை. சுரேஸ் சொல்லித்தான் காரணமே தெரியவந்தது. ஐயோ, பெண்ணைக் கொடுக்கிறவன் மாப்பிள்ளையின் தகப்பனைப் "போ" என்பானா? மிச்சத்தை அந்த மைக் விழுங்கிவிட்டது. உங்கள் முகத்தைக் கண்டிருந்தாலாவது விளங்கியிருக்கும். திரையில் தெரிந்தது வழுக்கை மட்டும். வழுக்கையைப் பார்த்துக் கோபத்தை எப்படி அறிகிறது? (எழுதுவதை உரக்க வாசித்துக்கொண்டே எழுதுவது என் பழக்கம். இந்த வரிக்கு றொசாந்தி வேண்டாம் வேண்டாம் என்று கையாட்டுகிறாள். பேனையால் எழுதியது, வெட்டினால் வடிவில்லை.)

எப்படித்தான் விழுங்கியது என்று அறியாமல் எனக்குச் சோறு இறங்கவில்லை. றொசாந்தியை லப்டொப்புக்கு முன்னால் இருத்தி, மைக்கின் சத்தம் எவ்வளவு திறந்திருக்கிறது என்று காட்டும் கோட்டைப் பார்க்கச் சொன்னேன். நூறில் நின்றது. "கேக்குதோ?" என்றேன், எழுபது. கேட்கவில்லையாக்கும் என்று ஊன்றிக் கத்தினேன், நாற்பது. கடலில் வள்ளத்துக்கு வள்ளம் கூப்பிட்ட தொண்டை, சம்பந்தி, அதுக்கு வேறை விதமாய்க் கதைக்கத் தெரியாது. தும்மிப் பார்த்தேன், பதினெட்டு! செபமாலை சொன்னேன், மெல்ல மெல்ல ஏறினது. "அல்லேலூயா"வுக்குத் தொப்பென்று விழுந்திட்டுது. அப்ப என்ரை மனிசி லூர்த்தம்மா வந்து, "இந்த மனுசனுக்கென்ன விசரே?" எண்டாள். கோடு அசையேல்லை! இந்த வீட்டிலை அவளுக்கு மட்டும் அது மரியாதை குடுக்குது, பாருங்கோ.

கடைசியில் றொசாந்தி கண்டுபிடித்தாள். பிறவுசரில் கதைக்கும்போது சத்தம் கூடினால், அது தானாகவே மைக்கைக் குறைக்குமாம். நான் கத்தக் கத்த அது குறைக்க, அது குறைக்கக் குறைக்க நான் கத்த, கடைசியிலை "வாறன்" கரை சேரவில்லை. செற்றிங்சுக்குள் போய், 'மைக் சத்தத்தைத் தானாகச் சீராக்கு' என்பதற்கு எதிரேயிருந்த சரி அடையாளத்தை எடுத்துவிட்டாள். இப்போது என்ன கத்தினாலும் நூறு நூறுதான்.

ஆகவே குற்றம் அந்தச் சரி அடையாளத்தினுடையது. பிள்ளைகளின் கலியாணத்தை அதற்காக நிறுத்திப் போடாதேயுங்கோ. மகள் ஒரு கிழமையாய்ச் சிரிக்கவில்லை, எனக்குத் தாங்கேலாமல் கிடக்கு. புதுமை மாதா உங்கள் வீட்டு வாசலையும் எங்கள் வீட்டு வாசலையும் ஒன்றாய்க் காக்கட்டும்.

இப்படிக்கு,
மன்னிப்புக் கேட்கும்
ச. பேதுரு

பின்குறிப்பு: கடிதத்தை மடிக்கும்போது லப்டொப்புக்குள்ளிருந்து உங்கள் குரல் வந்தது. "சம்மந்தி, எல்லாம் கேட்டது. வழுக்கையும் கேட்டது. கொஞ்சம் மெல்லக் கதையுங்கோ, காது அடைக்குது." மைக்கைச் சோதிக்க றொசாந்தி சுரேசுக்குக் கோல் எடுத்து வைத்திருந்தாளாம், முதல் வரியிலிருந்தே நீங்கள் அவன் பக்கத்தில் இருந்தீர்களாம். அவள் கையாட்டினது அதுக்குத்தானாம். எனக்கு வெட்கமாய்ப் போச்சு. இனி இந்தக் கடிதம் தேவையில்லை; ஆனால் முத்திரை ஒட்டியாயிற்று, வாங்கிக்கொள்ளுங்கோ. எழும்பி நின்று, வாழ்நாளில் முதன்முறையாய் மெல்லச் சொன்னேன்: "போட்டு வாறன் சம்மந்தி."

"ஓம், வாங்கோ" என்றீர்கள்.