மெரிலேண்ட்ஸில் ஓர் அமெரிக்கக் குடிமகன்

அன்பான வாசகரே, சிட்னியின் மேற்குப் புறத்துத் தமிழ் வீடுகளில் அண்மைக் காலமாக ஓர் இனம் வளர்ந்து வருகிறது. அதை உங்களுக்கு அறிமுகப்படுத்துவது என் கடமை. இது அவுஸ்திரேலியாவில் பிறக்கும், யாழ்ப்பாணச் சாப்பாடு சாப்பிடும், அமெரிக்கச் சட்டம் பேசும். அமெரிக்காவுக்குப் போயிருக்கிறதா என்று கேட்கிறீர்களா? விமானம் மாறுவதற்குக்கூடப் போனதில்லை. ஆனால் வீட்டில் யாராவது அதன் ஃபோனில் கை வைத்தால் போதும், ஒரு காலத்தில் பொய்முடி தரித்த கனவான்கள் கூடியிருந்து எழுதிய அரசியல் சாசனத்தை, அவர்கள் தனக்காகவே இரவிரவாகக் கண்விழித்து எழுதினார்கள் என்ற நம்பிக்கையோடு, ஒவ்வொரு சட்டத் திருத்தமாக எடுத்துச் சொல்லத் தொடங்கிவிடும்.

அடையாளம் காண்பது சுலபம். மற்றப் பிள்ளைகள் "மாட்டன்" என்று சொல்லுமிடத்தில் இது "அது என் அடிப்படை உரிமைக்கு முரணானது" என்று சொல்லும். இரண்டுக்கும் பொருள் ஒன்றுதான். இரண்டாவதைச் சொல்லி முடிக்க நேரம் கூடுதலாக எடுக்கும், அதற்குள் சாப்பாட்டு மேசையை வேறு யாராவது துடைத்துவிடுவார்கள்.

நான் கவனித்து வரும் பிராணியின் பெயர் யதுர்சன். வீட்டில் யது. சிட்னியின் மெரிலேண்ட்ஸில் வசிப்பு, பத்தாம் வகுப்பில் படிப்பு. தகப்பன் வரதராஜா பஸ் ஓட்டுகிறார். தாய் யோகா முதியோர் இல்லத்தில் வேலை செய்கிறாள். வினுஷா என்றொரு தங்கை, ஆரம்பப் பள்ளியில் படிக்கிறாள். அவளை மறந்துவிடாதீர்கள், பிறகு தேவைப்படுவாள்.

யது பிறக்கும்போதே இப்படி இல்லை. பள்ளிக்கூடத்தில் வரலாற்று ஆசிரியை "அமெரிக்கக் குடிமை விழுமியங்களும் சுதந்திரங்களும்: என் சிந்தனைகள்" என்று ஒரு கட்டுரை எழுதச் சொன்னார். யது எழுதினான். பேச்சுச் சுதந்திரம்தான் மற்ற எல்லாச் சுதந்திரங்களுக்கும் தாய் என்றான். நமக்குப் பிடிக்காததைச் சொல்பவனுக்கும் அந்த உரிமை உண்டு என்று ஒப்புக்கொள்ளும்போதுதான் அது உண்மையான சுதந்திரம் என்றான். அருமையான வரி, நானே மறுக்கமாட்டேன். ஆசிரியை அதன் கீழே கோடு போட்டு வகுப்பில் உரத்து வாசித்தார். பெற்றோர் அந்தக் கட்டுரையைக் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் காந்தம் வைத்து ஒட்டினார்கள். அன்றிலிருந்து அந்த வீட்டில் பாலெடுக்கப் போனவரும் குடியரசின் வழியாகத்தான் போய்வர வேண்டியிருந்தது.

"யது, உந்த ஊத்தை சொக்ஸைக் கொண்டு வந்து மெஷினுக்குள்ள போடு" என்று ஒருநாள் யோகா குசினியிலிருந்து கூப்பிட்டாள். அவன் கொண்டு வரவில்லை. கூடையோடு அவன் அறைக்குப் போனாள்.

"அம்மா, கோர்ட் வாறன்ட் இல்லாமல் என்ர ரூமுக்குள்ள வரேலாது. ஃபோர்த் அமெண்ட்மெண்ட், நாலாம் திருத்தம்."

"அது எந்த நாட்டுச் சட்டம்?"

"அமெரிக்கா."

"சொக்ஸ் எந்த நாட்டில கிடக்குது?"

இந்தக் கேள்விக்கு அந்தச் சாசனத்தில் விடை இல்லை. யோகா கட்டிலுக்கடியில் கையை விட்டு, கிடைத்ததையெல்லாம் வாரிக்கொண்டு போனாள். யது அதை அரச அத்துமீறல் என்று நினைத்தான். ஆனால் அடுத்த நாள் தோய்த்து மடித்து வைத்திருந்த சொக்ஸை மறுப்பேதுமின்றிப் போட்டுக்கொண்டான்.

இன்னொரு நாள், விருந்தாளிகளுக்கென்று மூடி வைத்திருந்த மட்டன் றோல்ஸில் கடைசி ஒன்று காணாமல் போயிற்று. விசாரணை நடந்தது. யது நாடியில் பாண்தூள் ஒட்டியிருக்க, நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, "ஐ ப்ளீட் த ஃபிஃப்த். எனக்கெதிரா நானே சாட்சி சொல்லத் தேவையில்லை. பேசாமல் இருக்கிறது என்ர உரிமை" என்றான். தேத்தண்ணீர் குடித்துக்கொண்டிருந்த வரதராஜா தலையை ஆட்டினார்.

"ஓம் மேன், ஊரில எங்களுக்கும் அந்த உரிமை இருந்தது. வாயைத் திறக்காமல் இருக்கிற உரிமை. வேற ஒண்டும் இருக்கேல்லை."

சொல்லிவிட்டுச் சிரித்தார். சிரிக்கிற விஷயம் இல்லை என்பது அவருக்கும் யோகாவுக்கும் தெரியும். அந்தச் சிரிப்புக்குப் பின்னால் ஒரு முழு வாழ்க்கை கிடந்தது. மகன் மட்டும் ஒரு கேள்வி கேட்டிருந்தால், சுதந்திரத்தைப் பற்றி எந்தக் கட்டுரையிலும் இல்லாத பலவற்றைத் தெரிந்துகொண்டிருப்பான். யது என்ன சொன்னான் தெரியுமா?

"அப்பா, நான் கதைக்கேக்க இடையில குழப்பாதேங்கோ."

இனி விஷயத்துக்கு வருவோம். எங்கள் தமிழர் சங்கம் வருஷா வருஷம் பிள்ளைகளுக்குப் பேச்சுப் போட்டி வைக்கும். நீங்கள் வெளியூர் என்றால் அதன் நடைமுறையைச் சொல்லிவைக்கிறேன். பேச்சைப் பிள்ளை எழுதுவதில்லை. தாய் எழுதுவாள், அல்லது தகப்பன், அல்லது தமிழ் தெரிந்த யாராவது அங்கிள். பிள்ளை அதை ஆங்கில எழுத்தில் எழுதிவைத்துக்கொண்டு, காரில், குளியலறையில், நீச்சல் வகுப்புக்குப் போகும் வழியில் எல்லாம் மனனம் செய்யும். எந்த வரியில் வலக்கையை உயர்த்துவது, எங்கே குரலைத் தழுதழுக்க வைப்பது, எல்லாம் ஒத்திகையில் அடக்கம். போட்டியன்று மேடையில் பிள்ளையின் வாய் அசையும்போது சபையில் தாயின் வாயும் அசையும். நடுவர்களும் அதைப் பார்த்தும் பாராமல் புள்ளி போடுவார்கள்.

போன வருஷம் மூத்த பிரிவில் யது பேசினான். தான் எழுதிய பேச்சு, தன் கருத்து, ஆகவே முடிகிற மாதிரித் தெரியவில்லை. நேரம் முடிந்ததென்று தலைமை நடுவர் வெங்கட்ராமன் மணியை அடித்தார். கெல்லிவில்லில் வசிக்கும் தமிழ்நாட்டுக்காரர், கணினி வேலை, மணி விஷயத்தில் மட்டும் கறாரானவர். யது மேடையை விட்டு இறங்கி நேரே அவரிடம் போய், மணி என்பது அடக்குமுறையின் கருவி என்றும், பேச்சுரிமை தரும் முதலாம் திருத்தம் மீறப்பட்டுவிட்டது என்றும் வாதாடினான். அவரோ, "சரி தம்பி, அடுத்த வருஷம் சீக்கிரம் முடிச்சுடு" என்றார்.

இந்த வருஷம் மூத்த பிரிவே இல்லை, ஆள் சேரவில்லை. சின்னவர்களுக்கு மட்டும் போட்டி, தலைப்பு "சுதந்திரம்". இப்போது வினுஷாவைக் கூப்பிடுங்கள்.

"நீதான் பேசப்போறாய். நான் எழுதித் தாறன்" என்றான் யது.

"நானே சொல்லலாம் அண்ணா. எனக்கு மக்பையைப் பற்றிச் சொல்லோணும்."

அந்த வீதியில் ஒரு மக்பைப் பறவை இருந்தது. வசந்தம் பிறந்தால் போதும், கூட்டைக் காக்கிறேன் என்று போகிறவர் வருகிறவர் தலையிலெல்லாம் பாய்ந்து கொத்தும். யது சைக்கிள் ஹெல்மெட்டைச் சுற்றி முள்ளம்பன்றி போலப் பிளாஸ்டிக் கட்டுக்கம்பிகளைச் செருகிக்கொண்டுதான் பள்ளிக்குப் போய்வருவான். உண்மையான சுதந்திரம் அந்த ஒரு பறவைக்குத்தான் இருக்கிறதென்பது வினுஷாவின் வாதம். அதைச் சொல்லவேண்டுமென்று அவள் மனதில் ஒரே ஆசை. முதன்முதலாக, தன் வாயால், தன் சொல்லை. யாருமே எழுதித் தராத ஒன்றை.

"விசர்க்கதை கதைக்காதை. சுதந்திரம் எண்டால் பேச்சுச் சுதந்திரம். நான் எழுதினதை அப்படியே சொல்லு. ஒரு சொல்லும் மாத்தக் கூடாது."

"ஏன் அண்ணா?"

"ஏனெண்டு கேக்கக் கூடாது."

வாசகரே, இதை எழுதும்போது எனக்கே கூச்சமாக இருக்கிறது, ஆனால் யதுவுக்குத் துளியும் இல்லை. இரண்டு கிழமையாக அந்தப் பிள்ளையை ஒரு கதிரையில் ஏற்றி நிறுத்தி, "மாற்றுக் கருத்தை மதிப்போம்" என்ற வரியை அவன் சொல்கிற ஏற்ற இறக்கத்தோடு திருப்பித் திருப்பிச் சொல்ல வைத்தான். அவள் "மாற்றுக் கருத்தை" என்பதற்குப் பதிலாக "வேற கருத்தை" என்று சொன்னபோது முதலில் இருந்து தொடங்கச் சொன்னான். அம்மாவிடம் முறையிடப் போனாள். "அண்ணா உன்ர நன்மைக்குத்தானே பிள்ளை செய்யிறான்" என்றாள் யோகா. அவளுக்கும் பரிசில் ஒரு கண் இருந்தது.

போட்டி ஸ்ட்ராத்ஃபீல்டில், ஒரு பள்ளி மண்டபத்தில். வாசலில் தேத்தண்ணீரும் றோல்ஸும். உள்ளே தாய்மார் எல்லாரும் உதடுகளைத் தயாராக வைத்துக்கொண்டு முன்வரிசைகளில். யது அவர்களுக்கு நடுவே இருந்தான். பக்கத்தில் அப்பா, அம்மா. வினுஷா மேடையேறினாள். ஒலிவாங்கியைத் தாழ்த்திக் கொடுத்தார்கள்.

"அனைவருக்கும் வணக்கம். பேச்சுச் சுதந்திரம் மனிதரின் பிறப்புரிமை. பிறர் நமக்காக எழுதும் சொற்களுக்கு அடிமையாகாமல், நம் சொற்களை நாமே பேசுவோம்."

யதுவின் வாய் கூடவே அசைந்தது. எந்த உதடுகளைப் பார்த்துப் போன வருஷம் முழுக்கச் சிரித்தானோ, அந்த உதடுகளின் வரிசையில் இப்போது அவனுடையதும் ஒன்று. அடுத்த வரிக்கு வலக்கை உயரவேண்டும். உயரவில்லை. வினுஷா நின்றுவிட்டாள். மறந்துவிட்டாளோ என்று யது பதறி, அடுத்த வரியை இருந்த இடத்திலிருந்தே மெல்லச் சொல்லிக்கொடுத்துப் பார்த்தான். அவள் மறக்கவில்லை, யோசித்துக்கொண்டிருந்தாள். தான் இப்போது சொன்ன வரியின் பொருள் அவளுக்கு அந்த நேரத்தில்தான் விளங்கியது.

"இது அண்ணா எழுதினது. இனி நான் என்ரயைச் சொல்லுறன்" என்றாள்.

பிறகு மக்பை வந்தது. அது தபால்காரரைக் கொத்திய கதை வந்தது, அப்பாவின் தொப்பியைத் தட்டிவிட்ட கதை வந்தது, பாதுகாக்கப்பட்ட பறவை என்பதால் அதைப் பற்றிப் பொலிஸில் சொல்லியும் பிரயோசனமில்லை என்ற சட்ட விளக்கமும் வந்தது. சபை சிரித்தது. உதடுகள் எல்லாம் ஓய்ந்து காதுகள் திறந்தன. எழுத்துத் தமிழில் தொடங்கியவள் வீட்டுத் தமிழில் ஓடிக்கொண்டிருந்தாள்.

"எங்கட வீட்டிலயும் ஒரு மக்பை இருக்குது. அது அண்ணா. எல்லா உரிமையும் அவரிட்டத்தான் இருக்குது. அவர் கத்தலாம், நான் கேள்வி கேக்கக் கூடாது. கடைசி றோல்ஸைச் சாப்பிட்டது அவர்தான். ஒருத்தரிட்டயும் சொல்லாதை எண்டு என்னட்டச் சொல்லிப்போட்டு..."

யது எழுந்து நின்றான்.

"நிப்பாட்டுங்கோ. ரைம் முடிஞ்சுது. பெல்லை அடியுங்கோ."

மண்டபம் திரும்பிப் பார்த்தது. வெங்கட்ராமன் கடிகாரத்தைப் பார்த்தார், மணியைப் பார்த்தார், கடைசியாக யதுவைப் பார்த்தார்.

"இன்னும் டைம் இருக்கு தம்பி. போன வருஷம் மணி அடிச்சதுக்குத்தானே நீ எங்கிட்ட சண்டைக்கு வந்தே? இப்ப ஏன் அடிக்கச் சொல்றே?"

கேள்வி நியாயமானது. யதுவின் மூளைக்குள் அத்தனை திருத்தங்களும் வரிசையில் வந்து பார்த்துவிட்டு ஒவ்வொன்றாக நழுவிப் போயின. தன் கட்டுரையில் ஆசிரியை கோடு போட்ட அந்த வரி ஞாபகத்துக்கு வந்தது. நமக்குப் பிடிக்காததைச் சொல்பவனுக்கும். எழுதியபோது அவன் எதிரில் கற்பனையாக நின்றது யாரோ ஓர் அரசியல்வாதி. தங்கை நிற்பாள் என்று அவன் நினைத்திருக்கவில்லை. வெட்கமாக இருந்தது, உண்மையிலேயே வெட்கமாக இருந்தது.

வரதராஜா மெல்ல எழுந்தார்.

"ஐயா, அவருக்குப் பேசாமல் இருக்கிற உரிமை இருக்குது. விடுங்கோ" என்று சொல்லி, மகனின் தோளில் கை வைத்து இருத்தினார். "நீங்கள் சொல்லுங்கோ பிள்ளை."

வினுஷா சொல்லி முடித்தாள். முதற்பரிசு கிடைத்ததா என்று ஆவலோடு கேட்காதீர்கள். "என் சொல் என் உரிமை" என்று தாய் எழுதிக்கொடுத்ததை ஓர் எழுத்துப் பிசகாமல் ஒப்புவித்த வேறொரு பிள்ளைக்கு அது போயிற்று. வினுஷாவுக்கு ஆறுதல் பரிசு, ஒரு தண்ணீர்ப் போத்தல். வாசலில் நின்ற யது அவளுக்கு ஒரு றோல்ஸ் வாங்கிக் கொடுத்தான். "நல்லாப் பேசினாய்" என்று முணுமுணுத்தான். பிறகு சும்மா இருக்க முடியாமல், "ஆனால் மக்பை உவமை அவ்வளவு சரியில்லை, ஏனெண்டு சொல்லுறன் கேள்" என்று தொடங்கினான். வீடு வரும்வரை சொன்னான். வினுஷா ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு றோல்ஸைச் சாப்பிட்டாள்.

ஆகவே இந்த இனம் அழியவில்லை, கவலை வேண்டாம். பத்தாம் வகுப்போடு நின்றுவிடுவதும் இல்லை. பட்டம் பெறும், வீடு வாங்கும், சங்கத்தில் பதவிக்கு வரும், கருத்துச் சுதந்திரம் பற்றிக் கட்டுரைகளை விரும்பி வாசிக்கும். நீங்கள் அந்த வகை இல்லை என்பது எனக்குத் தெரியும். ஆனால் ஒன்று கேட்கலாமா? நீங்கள் இதை வாசித்துக்கொண்டிருந்தபோது, சற்று முன்னால், உங்கள் வீட்டில் யாரோ வந்து ஏதோ சொல்லத் தொடங்கினாரே. கண்ணை எடுக்காமல் கையை உயர்த்தி, "பொறு, இதை முடிச்சிட்டு வாறன்" என்றீர்களே. அவர் இன்னமும் அங்கேதான் நிற்கிறார்.