பிசினஸ் கிளாஸில் வடக்கு எந்தப் பக்கம்?

உலகத்தில் இரண்டு வகை ஆட்கள் இருக்கிறார்கள். விமானத்தில் போகிறவர்கள் ஒரு வகை. விமானத்தைப் பற்றித் தெரிந்தவர்கள் இன்னொரு வகை. முதல் வகை ஏறும், சாப்பிடும், தூங்கும், இறங்கிவிடும். எந்த வரிசையில் ஜன்னல் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் சுவர் இருக்கும், எந்த சீட்டுக்குப் பின்னால் கழிவறைக் கதவு படார் படாரென்று சாத்தும் என்பதெல்லாம் இரண்டாம் வகைக்குத்தான் அத்துப்படி. அந்த இரண்டாம் வகையில் நான் முன்வரிசை ஆள். (முதல் வகையில் சேர அப்போது வாய்ப்பு வந்திருக்கவில்லை. அதுவரை நான் ஏறியதிலேயே உயரமான வாகனம், கீழ்பென்னாத்தூரில் மூட்டை அடுக்கிய லாரியின் உச்சி.)

பொறியியல் முடித்துவிட்டு, வேங்கிக்காலில் எங்கள் புது வீட்டு மாடியில் உட்கார்ந்து ஒரு கம்பெனிக்கு வேலை செய்துகொண்டிருந்தேன். மீட்டிங்குகளுக்கு நடுவே, சில சமயம் மீட்டிங்கிலேயே, விமான சீட்டுகளைப் பற்றிய வீடியோக்களாகப் பார்த்துத் தள்ளுவேன். இப்படிச் சேர்த்த அறிவு வீணாகக் கிடக்கிறதே என்று ஏங்கிக்கொண்டிருந்தபோதுதான் சிகாகோவிலிருந்து அக்காவின் அழைப்பு வந்தது. அக்காவுக்குப் பிரசவ நேரம் நெருங்கிக்கொண்டிருந்தது. அம்மாவும் அப்பாவும் கூட இருக்க வேண்டும். ஆனால் அப்பாவுக்கு இடுப்பில் டிஸ்க் பிரச்சினை. வாழ்நாளெல்லாம் வயலில் குனிந்து நிமிர்ந்த முதுகு அது. அவ்வளவு நேரம் உட்கார்ந்தபடி போகவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அதனால் அக்காவும் மாமாவும் பிசினஸ் கிளாஸ் டிக்கெட் எடுத்திருந்தார்கள். பொத்தானை அழுத்தினால் சீட்டு அப்படியே கட்டிலாகிவிடும்.

"அப்பா படுத்துக்கினே வரணும். அதுக்குத்தான் இவ்ளோவும். புரியுதா?" என்றாள் அக்கா.

"சீட்டு நான் பாத்துக்கறேன்க்கா."

"நீ ஒண்ணும் பாக்க வேணாம். கம்முனு இரு. அவங்களே எதனா குடுப்பாங்க."

கம்முனு இருப்பதா? தீயணைப்பு வீரனிடம் வீடு எரிவதைச் சொல்லிவிட்டு, நீ போய்ப் படு என்றால் படுப்பானா? ஒரு வாரம் ஆராய்ந்தேன். வளைகுடாவில் மாறி ஏறும் அந்த நீண்ட விமானத்தில், நடுவே ஒரு ஜோடி சீட்டு இருந்தது. ஒன்று விமானத்தின் மூக்கைப் பார்த்திருக்கும். பக்கத்தில் இருப்பது வாலைப் பார்த்திருக்கும். கணவனும் மனைவியும் எதிரும் புதிருமாக, முகம் பார்த்துப் பேசிக்கொண்டே போகலாம். தம்பதிகளுக்கென்றே கடவுள் செய்த ஏற்பாடு. பதிவு செய்துவிட்டு, காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு கீழே இறங்கினேன்.

சமையலறையில் அம்மா பரங்கிக்காய் நறுக்க உட்கார்ந்திருந்தாள். அப்பா கூடத்தில் பாய் போட்டுப் படுத்திருந்தார். விளக்கினேன். இருவரும் கேட்டார்கள். அம்மா ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள்.

"அதெல்லாம் சரி. படுத்தா தலை எந்தப் பக்கம்?"

வேறு யாராவது இருந்தால் "தெரியலைம்மா" என்று சொல்லிவிட்டு மாடி ஏறியிருப்பார்கள். எனக்கோ உடம்பெல்லாம் சிலிர்த்தது. என் வாழ்க்கையில் என் வீட்டார் கேட்ட முதல் தொழில்நுட்பக் கேள்வி!

எங்கள் ஊரில் திசை தெரியாதவர் கிடையாது. நிமிர்ந்தால் மலை. அதை வைத்துத்தான் கட்டில் போடுவோம், கதவு வைப்போம், ஆட்டோவுக்கு வழி சொல்வோம். என்னவானாலும் வடக்கே மட்டும் தலை வைத்துப் படுக்கமாட்டோம். ஆகாயத்தில் மலை கிடையாது என்பதால் நானே மலையானேன்.

அம்மா கையிலிருந்த பரங்கிக்காயை வாங்கினேன். காம்பு வட துருவம். பக்கத்தில் உரிக்க வைத்திருந்த மல்லாட்டையில் (வேர்க்கடலைக்கு எங்கள் பக்கம் அதுதான் பெயர்) ஒன்றை எடுத்து ஓட்டைப் பிளந்தேன். ஓடு விமானம்; உள்ளே இரண்டு பருப்பு, அப்பாவும் அம்மாவும்.

"இங்க பாருங்க. பிளேன் நேரா மேற்கால போவாது. மொதல்ல வடக்கப் பாத்து ஏறும். அப்போ மூக்கப் பாத்த சீட்டுல படுத்தா கால் வடக்க, தலை தெக்க. சூப்பர்! வாலப் பாத்த சீட்டுல தலை வடக்க. அப்பறம் காம்புகிட்ட திரும்பி தெக்க இறங்கும். அப்போ அப்படியே உல்டா."

அம்மா அரிவாள்மணையை மடித்து வைத்தாள்.

"அப்போ எந்நேரமும் ஒருத்தருக்கு தலை வடக்கதானா?"

"தியரிப்படி... ஆமா."

"வடக்கால தலை வச்சுப் படுத்த யானைக்கு என்ன ஆச்சு தெரியுமில்ல? அந்தத் தலைதான் இன்னிக்கு புள்ளையார் மேல இருக்குது. யானைக்கே அந்தக் கதி! பொண்ணு புள்ள பெறப் போற நேரத்துல உங்கப்பன அப்படிப் படுக்க வக்கிறியா?"

கூடத்திலிருந்து அப்பாவின் குரல் வந்தது. "எனக்கு ஒண்ணும் ஆவாதுடி. என் தலைய எவன் கேக்கப் போறான்?"

"நீங்க சும்மா இருங்க."

நான் அசரவில்லை. குறையைக் காட்டினால் அதையே நிறையாக்குபவன்தான் எஞ்சினியர். மற்ற சீட்டுகளெல்லாம் ஒரே பக்கம் பார்த்தவை. பாதி வழிக்கு மேல் அவற்றில் படுக்கவே முடியாது. என் ஜோடியிலோ எந்நேரமும் ஒரு சீட்டு பத்திரம்! வடக்கே ஏறும்போது அப்பா இந்த சீட்டில் படுக்கட்டும். விமானம் தெற்கே திரும்பியதும் எழுந்து பக்கத்து சீட்டுக்கு மாறட்டும். ஒரே ஒரு மாற்றம். எப்போது மாறுவது என்று நான் செய்தி அனுப்புகிறேன். விமானம் பறப்பதை என் போனிலேயே பார்க்கலாம், உள்ளே வைஃபை உண்டு.

"அப்போ நானு?" என்றாள் அம்மா.

"நீங்க உக்காந்துட்டு வாங்க."

"எனக்கு எங்க தூக்கம் வரப்போவுது" என்று அம்மா ஒப்புக்கொண்டாள். (அந்தப் பரங்கிக்காய்தான் அன்று மதியம் கூட்டு. பூமியை நான் சாப்பிட்டது அந்த ஒரு தடவைதான்.)

புறப்பட்ட நாளன்று மாடியில் போனை முன்னால் வைத்து உட்கார்ந்தேன். வளைகுடாவிலிருந்து விமானம் வடக்கே ஏறியது. அம்மாவிடமிருந்து செய்தி: "அப்பா படுத்துட்டார்." எனக்கு ஏற்பட்ட பெருமையை அளக்க மலைதான் வேண்டும்.

ஆனால் பரங்கிக்காயில் காற்று அடிக்காது. வானத்தில் அடிக்கும். எந்த விமானியும் என் கோட்டைப் பிடித்துக்கொண்டு போவதாக எனக்கு வாக்குக் கொடுக்கவில்லை. கொஞ்ச நேரத்தில் விமானம் மேற்கே சாய்ந்து, லேசாகத் தெற்கே முகம் திருப்பியது. பதறிப்போய் அனுப்பினேன்: "மாறுங்க."

பிறகு அம்மா சொல்லித்தான் தெரியும், மாறுவது என்றால் என்னவென்று. அப்பா இடுப்பைப் பிடித்துக்கொண்டு எழ வேண்டும். பணிப்பெண் வந்து கட்டிலைச் சீட்டாக்க வேண்டும்; அடுத்த சீட்டைக் கட்டிலாக்க வேண்டும்; தலையணை, போர்வை, செருப்பு எல்லாம் இடம் பெயர வேண்டும். நடுத் தடுப்பைத் தாண்ட முடியாது. எனவே அப்பா இந்தப் பக்க வழியில் இறங்கி, சமையல் மேடையைச் சுற்றிக்கொண்டு அந்தப் பக்க வழியில் வர வேண்டும். அம்மா எதிர்த்திசையில் சுற்றிவர வேண்டும்.

அப்பா கண் மூடிய நேரம் விமானம் மறுபடி வடமேற்கே திரும்பியது.

"மறுபடி மாறுங்க."

"இப்பதானடா மாறினாரு!"

"பிளேன் திரும்பிடுச்சும்மா. நான் என்ன பண்ணட்டும்?"

மீண்டும் மேடையைச் சுற்றினார்கள். மீண்டும் திரும்பியது. மீண்டும் சுற்றினார்கள். பணிப்பெண் அம்மாவிடம் கவலையாக, ஏதாவது உதவி வேண்டுமா என்று ஆங்கிலத்தில் கேட்டிருக்கிறாள். அம்மா, அப்பாவின் தலையைக் காட்டி, "நார்த்... நார்த்..." என்றிருக்கிறாள். தலைவலி போலிருக்கிறது என்று அவள் மாத்திரை கொண்டுவந்து கொடுத்தாள். அம்மாவே அதைப் போட்டுக்கொண்டாள்.

எத்தனையாவது சுற்றிலோ அப்பா சமையல் மேடை பக்கத்தில் அப்படியே நின்றுவிட்டார்.

"இன்னாடி இது, பிளேனா கிரிவலமா? நம்மூர்ல சுத்தினாலும் புண்ணியமாவது கெடைக்கும். போன அணைச்சு வை!"

போன் அணைந்தது. ஆனால் என் பரங்கிக்காய்ப் பாடம் அம்மாவின் தலையிலிருந்து அணையவில்லை. வடக்கு எங்கே என்று தெரியாத நிலையில் படுக்க அவள் விடவில்லை. அவரும் போராடத் தெம்பில்லாமல் உட்கார்ந்துவிட்டார். மிச்ச வானம் முழுவதும், கட்டிலாகக் கூடிய இரண்டு சீட்டுகளில் இரண்டு பேரும் நிமிர்ந்து உட்கார்ந்து, நான் ஆசைப்பட்டபடியே, ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு போனார்கள்.

விமான நிலையத்தில் அப்பா சக்கர நாற்காலியில் வெளியே வந்தார். அக்கா போன் செய்தாள். திட்டுவாள் என்று நினைத்தேன். அவள் அழுதாள்.

"அப்பாவுக்கு இடுப்பு புடிச்சிக்கிச்சுடா. நிமிர முடியல. நான் எதுக்குடா அந்த சீட்டு எடுத்தேன்?"

என்னிடம் எல்லாவற்றுக்கும் விளக்கம் இருந்தது. காற்றின் வேகம், பாதை மாற்றம், எல்லாம். அன்றைக்குத்தான் அக்கா சொன்னபடி கம்முனு இருந்தேன்.

அப்பா அக்கா வீட்டுக் கூடத்தில் தரையில் படுக்கை போட்டுப் படுத்தார். படுக்கும் முன் மாமாவைக் கூப்பிட்டு, "மாப்ள, வடக்கு எந்தப் பக்கம்?" என்று கேட்டுக்கொண்டாராம். குழந்தை பிறந்து வீட்டுக்கு வந்தபோதும் அவரால் உட்கார முடியவில்லை. அதனால் பேரனைத் தூக்கி அவர் மார்பின் மேல் படுக்க வைத்தார்கள். அவன் அங்கே தூங்கிப் பழகிவிட்டான். வேறெங்கே போட்டாலும் வீல் என்று கத்துவான். அப்பா எழுந்து நடமாட ஆரம்பித்த பிறகும், பேரனுக்காகப் படுத்தே கிடந்தார். "வாழ்க்கையிலயே இப்படிப் படுத்ததில்லடா" என்று போனில் சொன்னபோது குரலில் கோபம் இல்லை. திரும்பி வரும்போது மட்டும் சீட்டைப் பற்றி யாரும் என்னிடம் மூச்சு விடவில்லை.

இப்போதும் சொல்கிறேன், என் கணக்கு சரி. காற்றுதான் தப்பு. வீட்டில் யார் கேட்கிறார்கள்? பாண்டிச்சேரிக்குப் பஸ் ஏறினாலும், "சதீசு, தலை எந்தப் பக்கம் வக்கட்டும்?" என்று அப்பா கேட்பார்; பஸ்ஸே சிரிக்கும். எனக்குக் கல்யாணம் ஆகி முதல் விமானப் பயணம் போனபோது, என் மனைவி சீட்டு போட்டுவிட்டுத்தான் போகும் ஊரையே என்னிடம் சொன்னாள்.

அக்கா மகன் பேச ஆரம்பித்ததும் எனக்கு வைத்த பெயர், வடக்கு மாமா. போன வாரம் வீடியோ காலில், போர்வைக்குள்ளிருந்து தலை நீட்டிக் கேட்டான்: "வடக்கு மாமா, இப்போ என் தலை எந்தப் பக்கம்?"

பின்னால் அக்கா வேண்டாம் வேண்டாம் என்று கையை ஆட்டினாள். என்னால் முடியுமா? ஓடிப்போய் ஒரு பரங்கிக்காய் கொண்டுவந்தேன். காம்பு, துருவம், சிகாகோ, அவன் கட்டில், ஜன்னல் என்று வரிசையாக விளக்கிக்கொண்டே போனேன். நிமிர்ந்து பார்த்தால், வாயைத் திறந்தபடி தூங்கிவிட்டிருந்தான்.

எங்கள் குடும்பத்தில் என் விளக்கத்தைக் கேட்டு நிம்மதியாகத் தூங்கிய முதல் ஆள் அவன்தான்.