மப்ளர் அண்ணாச்சியின் குளிர்காலம்

தூத்துக்குடியில் குளிர்காலம் என்று ஒன்று உண்டு என நம்பிய ஒரே மனிதர் மப்ளர் அண்ணாச்சிதான். ஊரில் எங்களுக்குத் தெரிந்தது இரண்டே காலம்: வெயில் காலம், வெயிலோடு மழையும் பெய்கிற காலம். அண்ணாச்சிக்கோ வருஷம் முழுக்கக் குளிர். உப்பளத்துக்காரர்களே நிழல் தேடி ஒதுங்குகிற சித்திரை மத்தியானத்தில், சாம்பல் நிறக் கம்பளி மப்ளரைக் கழுத்தில் இறுக்கிச் சுற்றி, நுனியைச் சட்டைக்குள் செருகிக்கொண்டு சைக்கிளை உருட்டி வருவார். “என்ன அண்ணாச்சி, குளிரு சாஸ்தியோ?” என்று யாராவது வாயைக் கொடுத்தால் தீர்ந்தது.

“ஏலே, ஒங்க மாதா பேரு என்ன? பனிமய மாதா! பனி இல்லாத ஊர்ல மாதாவுக்கு அப்பிடிப் பேரு வைக்க, அந்தக் காலத்துப் பறங்கியான் என்ன கேணப்பயலா?”

எங்கள் மாதா கோயில் பங்குச் சாமியாரே இதைக் கேட்டுவிட்டுக் குடையை விரித்துக்கொண்டு நடையைக் கட்டினார்.

அண்ணாச்சி சாத்தான்குளத்துப் பக்கத்து ஆள். எழுபதுகளின் தொடக்கத்தில் எங்கள் வீட்டுப் பின்கட்டு அறையில் வாடகைக்கு இருந்தார். ஒண்டிக்கட்டை. மாதாமாதம் வாடகை வாங்கிய என் அம்மாவுக்கே அவருடைய சொந்தப் பெயர் தெரியாது. மப்ளருக்குக் கீழே என்ன இருக்கிறது என்பதுதான் தெருவின் தலையாய ஆராய்ச்சி. தூக்கு மாட்டிக் கயிறு அறுந்த தழும்பு என்றார் பலசரக்குக் கடைக்காரர். ரங்கூன்காரி ஒருத்தியின் பெயரைப் பச்சை குத்தியிருக்கிறார் என்றது துறைமுகத்துக் கோஷ்டி. நான் அப்போது ஒரு கப்பல் ஏஜெண்டு ஆபீஸில் புதுக் குமாஸ்தா. கழுத்தில் ஒன்றுமே கிடையாது, கோளாறு அதற்கு மேலேதான் என்று டீயும் பன்னும் பந்தயம் கட்டியிருந்தேன்.

அவருக்கு உத்தியோகம் ஓர் ஆஸ்பத்திரியில் கினிப்பன்றி வளர்ப்பது. பார்த்திராதவர்களுக்குச் சொல்கிறேன்: முயலிடமிருந்து நீளக் காதையும் எலியிடமிருந்து வாலையும் பறிமுதல் செய்துவிட்டு இரண்டையும் ஒன்றாக்கினால் கிடைக்கும் பிராணி. தெருவில் அதற்குச் சீமைப் பெருச்சாளி என்று பெயர். ஒருவருக்குக் காசநோய் இருக்கிறதா இல்லையா என்று எக்ஸ்ரே படத்திலும் சளியிலும் பிடிபடாவிட்டால், அந்த நாளில் அவர் சளியைக் கினிப்பன்றியின் தோலுக்கடியில் ஊசியால் ஏற்றிவிட்டுக் காத்திருப்பார்கள். அது தின்று கொழுத்தால் ஆளுக்கு ஒன்றுமில்லை. சில வாரங்களில் மெலிந்து செத்தால் டாக்டர் அதை அறுத்துப் பார்த்து, நோய் உண்டு என்று சொல்லிவிடுவார். அதற்கு முன் அது வேறு எதனாலும் செத்துத் தொலைக்காமல் பார்த்துக்கொள்வது அண்ணாச்சியின் பொறுப்பு.

அவருடைய குளிர் வந்து நுழைவது இங்கேதான். ஐப்பசி பிறந்தால் டாக்டரோடு சண்டை பிறக்கும். கூண்டுகள் வெளியே ஓலைக் கொட்டகையில் காற்றோட்டமாக இருக்கட்டும் என்பார் டாக்டர். உள்ளே வைக்க வேண்டும் என்று நிற்பார் அண்ணாச்சி.

“இந்த ஊர்ல என்னய்யா குளிரு?”

“கொண்டல் அடிக்கப்போவுது டாக்டரே. காத்தும் மழையும் சேந்து அறைஞ்சா இதுக ஒரு நாள் தாங்காது. செத்தபெறவு, குளிர்ல செத்தியா சீக்குல செத்தியான்னு அதுகிட்ட போயா கேப்பிய?”

டாக்டர் நல்ல மனிதர். சிரித்துவிட்டு, “உம்ம இஷ்டம்” என்று விட்டுவிடுவார். அண்ணாச்சி உடனே வைக்கோலையும் சாக்கையும் தேடிக் கிளம்புவார். பெற்ற பிள்ளையைக்கூட அப்படி யாரும் போர்த்தியிருக்க மாட்டார்கள். போர்த்தும்போதே, “சவத்து மூதி, அடங்கிக் கெட” என்று திட்டும் விழும்.

எனக்கு மூத்தவள் பிலோமினா. அந்த வருஷம் ஆடியிலிருந்தே அவளுக்கு இருமல். அப்பா இல்லாத வீடு. கப்பலில் வேலை பார்க்கிற மாப்பிள்ளை, கல்யாணம் பேசி முடித்தாயிற்று. கிறிஸ்துமஸுக்கு முந்தைய திருவருகைக் காலத்தில் எங்களவர்களுக்குக் கல்யாணம் கிடையாது. அதனால் கிறிஸ்துமஸ் கழித்து ஓலை வாசிப்பதாக ஏற்பாடு. ஓலை என்றால், இன்னாருக்கும் இன்னாருக்கும் கல்யாணம், தடை ஏதும் தெரிந்தவர்கள் சொல்லலாம் என்று பூசை நடுவில் சாமியார் வாசிக்கும் அறிவிப்பு. இருமல் வெளியே தெரிந்தால் ஓலைக்கு முன்பே ஊர் வாசித்துவிடும். அம்மா யாருக்கும் தெரியாமல் அண்ணாச்சியைப் பிடித்து, அக்காவை அவருடைய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனாள். படம் எடுத்தார்கள், சளி பார்த்தார்கள், ஒன்றும் தெளிவாகவில்லை. கடைசியில் அக்காவின் பாடு ஒரு கினிப்பன்றியின் கையில் போய்ச் சேர்ந்தது.

அண்ணாச்சி சொன்ன கொண்டல் சொன்னபடி வந்தது. கொட்டகைக் கூரை பிய்ந்து பறந்தது. சாமான் அறையில் அடைத்ததுபோக மிஞ்சிய இரண்டு பெட்டிகளை, டாக்டரிடம் சொல்லிவிட்டு, சைக்கிள் கேரியரில் கட்டி எங்கள் வீட்டுக்கே கொண்டுவந்துவிட்டார். அவருடைய அறையும் ஒழுகியது. அம்மா வாசலை மறித்தாள்.

“எலிய வீட்டுக்குள்ள ஏத்தவா? முத்தத்துல வையுங்க அண்ணாச்சி.”

“வைக்கேன் மயினி. அந்தப் பழுப்பு என் சொந்தம், பெரியவருன்னு கூப்பிடுவேன், ஊசி போடாதது. இந்தா, காதுல நீல மை தடவியிருக்கே, இது நம்ம பிலோமினாவோடது.”

அம்மா ஒதுங்கி வழிவிட்டாள். அன்று முற்றத்தில் இருந்த பெட்டிகள் மறுநாள் தாழ்வாரத்துக்கு வந்தன. அங்கே சாரல் அடிக்கிறது என்று அடுப்படிக்கு வந்தன. அடுப்படியிலும் நீலக் காதின் பெட்டிக்குத்தான் அடுப்போரம். ஞாயிற்றுக்கிழமைகளில் அது மட்டும் மாதா சுரூபத்தின் கீழே போய் இருந்துவிட்டு வரும். அம்மா அதற்கென்று தனியாக ஒரு மெழுகுதிரி ஏற்றினாள்.

அவள் கணக்கு அப்படியே தலைகீழ். அக்காவுக்கு நோய் இல்லாவிட்டால் பிராணி பிழைக்கும் என்பதுதான் பரிசோதனை. பிராணியைப் பிழைக்க வைத்துவிட்டால் அக்காவுக்கு நோய் இருக்காது என்று அம்மா எடுத்துக்கொண்டாள். அகத்திக்கீரை போயிற்று, கேரட் போயிற்று. ஒருநாள் ஒரு கோப்பையில் ஆட்டுக்கால் சூப்போடு வந்து நின்றாள்.

“மயினி, இது என்ன பிள்ளைத்தாச்சியா?” என்று அண்ணாச்சி கத்தினார். “இது பச்ச தின்னுத சீவன்!”

“கொஞ்சூண்டு நக்கட்டுமே.”

“எளைச்சு இருமிக்கிட்டு கெடக்கது நானு, சூப்பு அதுக்கா?” என்றாள் அக்கா. சொல்லிவிட்டு அவளே சிரித்தாள். சிரிப்பு இருமலில் போய் முடிந்தது. அம்மா சூப்பை அடுப்படியிலேயே வைத்துவிட்டு வெளியே போய் அழுதாள்.

கிறிஸ்துமஸுக்கு மாப்பிள்ளை லீவில் வந்து, கேக்கும் சென்ட் பாட்டிலும் கொடுத்துவிட்டுப் போனார். அந்த வாரமே நீலக் காது தின்பதை நிறுத்தியது. முதுகெலும்பு கையில் தட்டியது. அம்மா இன்னொரு சாக்கைப் போட்டுப் போர்த்தி, “குளிரு சாஸ்தியா இருக்கு, அதான்” என்றாள். குளிர் என்ற வார்த்தையைக் கேட்டு அண்ணாச்சி பேசாமல் இருந்ததை நான் அன்றுதான் பார்த்தேன்.

ஓலை வாசிக்க இருந்த ஞாயிற்றுக்கிழமைக்கு முன்னே ஒரு காலையில், அது வைக்கோலில் விறைத்துக் கிடந்தது. வெளியே மார்கழித் தூறல். பக்கத்துப் பெட்டியில் பெரியவர் கீரைத்தண்டைக் கடித்துக்கொண்டிருந்தார்.

அம்மா கதவைச் சாத்தினாள். “அண்ணாச்சி, குளிர்ல செத்துப்போச்சுன்னு சொல்லிருங்க. கெணத்தடியில பொதைச்சிருவோம். ஓலை வாசிச்சு கல்யாணம் முடியட்டும், பெறவு என்னன்னாலும் பாத்துக்கிடலாம். நீங்க சொன்னா ஊரே நம்பும்.”

அது உண்மைதான். தூத்துக்குடியில் ஒரு பிராணி குளிரில் செத்தது என்று வேறு யார் சொன்னாலும் கைகொட்டிச் சிரிப்பார்கள். அண்ணாச்சி சொன்னால் டாக்டரே நம்புவார். வருஷக்கணக்காக அவர் கத்திய கத்தல் எல்லாம் இந்த ஒரு காலைக்காகத்தானோ என்றுகூட எனக்குத் தோன்றியது. சொல்லிவிடுங்கள் என்றுதான் நானும் அவர் முகத்தைப் பார்த்தேன்.

“குளிரு இல்ல மயினி” என்றார் அவர். “ஒரே அடுப்படி, ஒரே வைக்கோலு. பெரியவரு தின்னுக்கிட்டுல்லா இருக்காரு.”

அம்மா அவர் காலில் விழப் போனாள். அண்ணாச்சி பின்னால் நகர்ந்து மப்ளரை அவிழ்த்தார். கழுத்தின் இரண்டு பக்கமும், காதுக்குக் கீழே தொடங்கி, கட்டிகள் உடைந்து ஆறிச் சுருங்கிய தழும்புகள். தோல் கசங்கிப்போய் இருந்தது.

“கண்டமாலை. இதுவும் அந்தச் சீக்குதான், கழுத்துல வந்துது. எங்க அம்மை மறைச்சுத்தான் எனக்குக் கல்யாணம் முடிச்சா. பெறவு நெஞ்சுக்கு எறங்கிச்சு. நான் பொழைச்சுக்கிட்டேன். என்னக் கட்டி வந்தவ பொழைக்கல.” அவிழ்த்த மப்ளரைக் கையில் மடித்தார். “தடை தெரிஞ்சவங்க சொல்லலாம்னுதான ஒங்க சாமியாரு வாசிப்பாரு? எனக்குத் தெரியும் மயினி.”

குளிருக்காக அவர் மப்ளர் கட்டவில்லை. மப்ளருக்காகத்தான் அந்த மனிதர் வருஷம் முழுக்க ஒரு குளிர்காலத்தையே கட்டி நடத்தியிருக்கிறார். 

செத்த பிராணியை அந்த மப்ளரிலேயே சுற்றிப் பெட்டியில் வைத்தார். அக்காதான் ஆணியில் தொங்கிய குடையை எடுத்தாள். “வாங்க அண்ணாச்சி, நானும் வாரேன்” என்றாள். தூறலில் இருவரும் ஒரே குடையின் கீழ் ஆஸ்பத்திரிக்கு நடந்து போனார்கள். அவர் கையில் அக்காவின் பெட்டி இருந்தது.

டாக்டர் அறுத்துப் பார்த்துச் சொன்னது எல்லோருக்கும் தெரிந்ததுதான். மப்ளரைப் பிராணியோடு சேர்த்து எரித்துவிட்டார்கள். அண்ணாச்சி வெறுங்கழுத்தோடு தெரு வழியாகத் திரும்பி வந்தார். பலசரக்குக் கடைக்காரர் பார்த்தார், துறைமுகத்துக் கோஷ்டி பார்த்தது. பந்தயத்தில் யார் ஜெயித்தது என்று யாரும் கேட்கவில்லை.

மாப்பிள்ளை வீட்டார் விலகிக்கொண்டார்கள். அக்காவை வெளியூர் காசநோய்ச் சானடோரியத்துக்கு அனுப்பினோம். அம்மா அண்ணாச்சியோடு பேச்சை அடியோடு நிறுத்தினாள். வாடகையைக்கூட என்னை விட்டுத்தான் வாங்கினாள். அறையைக் காலி செய்யச் சொல்லுவாள் என்று எதிர்பார்த்தேன். சொல்லவில்லை. பெரியவரின் பெட்டியும் அடுப்படியை விட்டு நகரவில்லை. மழை போய், பங்குனி வெயில் வந்த பிறகும் அம்மா அதற்குக் கீரை போட்டுக்கொண்டிருந்தாள். அண்ணாச்சி சட்டைப் பொத்தானைத் தொண்டை வரைக்கும் பூட்டி, குனிந்தபடி போய் வந்தார். வழியில் பார்க்கும்போது குளிரைப் பற்றிக் கேட்க எனக்கு வாய் வரவில்லை. கேட்காமல் இருக்கவும் கஷ்டமாக இருந்தது.

அக்கா அந்தச் சித்திரைக்கும் அடுத்த சித்திரையில்தான் வீடு திரும்பினாள். கன்னத்தில் சதை போட்டிருந்தது. சரியான நேரத்தில் கொண்டுவந்தீர்கள் என்று அங்கே டாக்டர்கள் சொன்னார்களாம். அதற்குள் அந்தக் கப்பல்காரருக்கு வேறிடத்தில் கல்யாணமாகி ஒரு குழந்தையும் பிறந்திருந்தது. அதைக் கேட்டுவிட்டு அக்கா தன் டிரங்குப் பெட்டியைத் திறந்து, பழுப்பு நிறத்தில் ஒரு கம்பளி மப்ளரை எடுத்தாள். சானடோரியத்தில் படுத்துக்கொண்டே பின்னியது. நிறம் பெரியவரை நினைத்து வைத்தது என்றாள்.

அம்மா அதை அவள் கையிலிருந்து வாங்கினாள். மத்தியான வெயிலில் தெருத் தார் இளகிக்கிடந்தது. வேலைக்குக் கிளம்பி வாசலில் சைக்கிளைத் திருப்பிக்கொண்டிருந்த அண்ணாச்சியிடம் விறுவிறுவென்று போய், ஒன்றேகால் வருஷத்துக்குப் பிறகு முதல் வார்த்தை பேசினாள்.

“அண்ணாச்சி, வெளிய ரொம்பக் குளிருது. இதச் சுத்திக்கிட்டுப் போங்க.”

அவர் வாங்கிச் சுற்றிக்கொண்டார். நுனியைச் சட்டைக்குள் செருகிக்கொண்டு சைக்கிளை உருட்டினார். நானும் என் சட்டைக் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டேன். அன்றைக்கு எங்கள் தெருவில் நல்ல குளிர்.