நான்கு அடித் தண்ணீர்

வாய்க்கால் கரையில் சைக்கிள் ஓட்டக்கூடாது என்று அறிவிப்பு எழுதி வைத்தவன் நான்தான். அதில் எழுத்துப்பிழை ஏதும் உண்டா என்று பார்த்துக்கொண்டே ஓட்டியதில் விழுந்தேன். சைக்கிளுக்குச் சேதமில்லை. தண்ணீர் ஆழம் காட்டும் அளவுப் பலகைதான் முறிந்து, கீழ்ப்பாதி சோழவந்தான் பக்கமாக மிதந்து போய்விட்டது.

அன்று காலை, வீட்டில் காப்பி குடித்தபடியே, தண்ணீர் இரண்டரை அடி என்று எழுதியிருந்தேன். இந்த ஓவர்சியர் சௌரிராஜன் எழுதினால் எழுதியதுதான். மிச்சப் பலகையை, இரண்டரை என்ற கோடு தண்ணீரைத் தொடும்படி கம்பத்தில் கயிறு போட்டுக் கட்டினேன்.

மறுநாள் சோலையம்மாள் வந்தாள். வாய்க்கால் முடிகிற கடைமடையில் வெற்றிலைக் கொடிக்கால் வைத்திருப்பவள்.

“கொடி வாடுது சாமி. தண்ணியே வரல.”

“ரெண்டரை அடி ஓடறதே!”

“எங்க ஓடுது?”

எனக்கு இளகிய மனசு. ஷட்டர் திறக்கிற லஸ்கர் முத்திருளனைக் கூப்பிட்டேன். “மூணு அடி வை.”

“ஆகட்டும் சாமி.”

சாயங்காலம் பார்த்தேன். மூன்று, கச்சிதமாக! முத்திருளனைப்போல் வேலைக்காரன் இந்த ஜில்லாவில் கிடையாது.

சோலையம்மாள் மறுபடி வந்தாள்.

“பலகை மூணு காட்டறது அம்மா. பலகை பொய் சொல்லுமா?”

“அப்ப அந்தப் பலகையில இருக்கிற தண்ணிய ஒரு செம்பு மோந்து குடுங்க. கொண்டு போயி ஊத்திக்கிறேன்.”

ரோஷம் வந்துவிட்டது. “முத்திருளா, நாலு அடி!”

நான்கு அடி வந்தது. சோலையம்மாளுக்காக நான்கு அடி விட்ட என் கொடையுள்ளத்தை மதுரை ஆபீசுக்கு எழுதி அனுப்பினேன். எஞ்சினீயர் துரை உடனே பதில் போட்டார்: நான்கு அடியில் கடைமடைக்காரி தண்ணீரைக் கொள்ளையடிக்கிறாள், அவள் மடையை நாளையே அடைத்துவிடு.

நோட்டீசும் காய்ந்த கொடியுமாக வந்து நின்றாள் சோலையம்மாள்.

“காஞ்சு கெடக்கிறதும் நான், களவாண்டதும் நானா? இந்த மடைய அடைச்சா, மிச்சக் கொடியும் போயிரும் சாமி. வேற ஒண்ணும் எனக்கில்ல.”

“நாலு அடி ஓடறதே, நான் என்ன பண்ண?”

“எறங்கிப் பாருங்க!”

எனக்கு நீச்சல் தெரியாது. உயரமும் போதாது, நான்கு அடி என்றால் மார்புக்கு வரும். தண்ணீரோ செக்கச் செவேல் என்று கலங்கி, ஆழமே தெரியவில்லை. அந்தக் கொடியை ஒருமுறை பார்த்தேன். மூக்குக்கண்ணாடியை முத்திருளனிடம் கொடுத்தேன். “ஏதாவது ஆனா வீட்டில ரங்கநாயகியம்மாகிட்ட சொல்லிடு” என்றேன்.

“என்ன சொல்லணும் சாமி?”

மூக்கைப் பிடித்துக்கொண்டு குதித்தேன்.

முழங்கால் நனைந்தது.

சேற்றில் கால் நகர்த்தி அப்படியும் இப்படியும் நடந்து பார்த்தேன். எங்கும் முழங்கால்தான். பக்கத்திலேயே பலகை, நான்கு அடி என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நின்றது.

“முத்திருளா! ஷட்டரை எம்புட்டுடா தூக்கினே? நிஜத்தைச் சொல்லு!”

அவன் என் கண்ணாடியைத் துண்டால் துடைத்தபடி சொன்னான்:

“ஷட்டரு துருப்பிடிச்சு அசைஞ்சே வருசக்கணக்காச்சு சாமி. நீங்க எம்புட்டு அடி கேக்குறீகளோ, அம்புட்டுக்குப் பலகையத்தான் எறக்கிக் கட்டுறேன்.”